முறிந்த ஷாப்டை எறிந்துவிடாதீர்கள்

கிளிநொச்சியில் என்னுடைய லேத் பட்டறைக்கு வருகிற வேலை பெரும்பாலும் தண்ணீர் பம்பும் லான்ட்மாஸ்டரும்தான். முல்லைத்தீவுப் பக்கமிருந்து அவுட்போர்ட் மோட்டர் ஷாப்டும் வரும். இரண்டு மூன்று வருடமாக இன்னொன்றும் வருகிறது: ரிமோட்டில் ஓடுகிற பந்தய மொடல் படகு. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சித்தப்பாமார் அனுப்பியவை. இரணைமடுவில் இரண்டு ஞாயிறு ஓடும். மூன்றாம் ஞாயிறு ஷாப்ட் முறியும். திங்கள் காலை என் மேசையில் இருக்கும்.

"மலிவுச் சாமான் அண்ணை, அதுதான் முறியுது" என்றான் ஒரு தம்பி. அது அவனுடைய மூன்றாவது ஷாப்ட்.

"முறிஞ்ச துண்டு எங்க?"

"எறிஞ்சிட்டன்."

எனக்கு வேண்டியதே அந்தத் துண்டுதான். எந்த இடத்தில், எப்படி முறிந்தது என்று பார்த்தால் பிழை எதுவென்று அதுவே சொல்லும். பார்க்காமல் புதிது போட்டால் அதுவும் அங்கேயே முறியும்.

இந்தப் படகுகளில் பலவற்றில் மோட்டரையும் புரொப்பெல்லரையும் இணைப்பது நேரான இரும்புக் கம்பி இல்லை. மெல்லிய உருக்குக் கம்பிகளை ஓர் அடுக்கு இடமாக, அடுத்தது வலமாக என்று மாற்றி மாற்றி முறுக்கிய கேபிள், பிளெக்ஸ் ஷாப்ட். மோட்டார் சைக்கிள் ஸ்பீடோமீற்றர் கேபிளைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு உடனே விளங்கும். கொங்கிறீட் வைப்ரேற்றர் குழாய்க்குள் சுற்றுவதும் இதன் அண்ணன்தான். படகில் 4 மில்லிமீற்றர் அல்லது 4.76 மில்லிமீற்றர் தடிப்பில் வரும். (ஒருவர் ஸ்பீடோமீற்றர் கேபிளையே வெட்டிப் போட்டுப் பார்த்தார். கரையை விட்டுப் போகவே இல்லை.)

வேகத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். 2000 கேவி மோட்டருக்கு (கேவி என்றால் இங்கே கிலோவோல்ட் இல்லை, ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பது) நான்கு செல் லிப்போ பற்றரி, அதாவது 14.8 வோல்ட் கொடுத்தால், சுமை இல்லாமல் நிமிடத்துக்கு 29,600 சுற்று. கடலில் ஓடுகிற அவுட்போர்ட் முழு வேகத்திலும் ஐயாயிரம், ஆறாயிரம் சுற்றுத்தான். அவுட்போர்ட் பொறுத்துக்கொள்கிற அரை மில்லிமீற்றர் கோணலை இந்தச் சின்னச் சாமான் பொறுக்காது.

சரி, முறிவுக்கு வருவோம். மோட்டர்ப் பக்கம், கேபிளைக் கவ்விப் பிடிக்கிற கொலற்றின் வாயிலேயே முறிந்திருந்தால் மோட்டரும், கேபிள் உள்ளே சுற்றுகிற பித்தளைக் குழாயும் ஒரே கோட்டில் இல்லை. கேபிளைக் கழற்றிவிட்டு அதே தடிப்பில் நேரான கம்பி ஒன்றைக் கொலற்றுக்குள்ளால் குழாய்க்குள் விட்டுப் பாருங்கள். உரசாமல் போகவேண்டும். உரசினால் மோட்டரின் அடியில் தகடு வைத்து உயர்த்துங்கள், அல்லது இறக்குங்கள். குழாய் முடிகிற இடத்துக்கும் கொலற்றுக்கும் நடுவில் நிறைய வெற்றிடம் விடவும் கூடாது. தாங்குதல் இல்லாத கேபிள் கயிறு அடிப்பதுபோல் துள்ளும்.

நடுவில் முறிந்து, உள்ளே கறுப்பாக, துருவாக இருந்தால் கிறீஸ் இல்லை, அல்லது குழாய் ஓரிடத்தில் மடிந்திருக்கிறது. குழாய் வளைவு தோணியின் அடிபோல் மெதுவாகப் போகவேண்டும். கேபிளை விரலால் சுற்றினால் ஒரே சீராகச் சுற்றவேண்டும்.

கேபிள் பிரிந்த கயிறுபோல் விரிந்து கிடந்தால் மோட்டர் தலைகீழாகச் சுற்றியிருக்கிறது. வெளி அடுக்கு இறுகுகிற திசையில்தான் சுமை ஏறவேண்டும். மோட்டரின் மூன்று வயரில் இரண்டை மாற்றிக் கொடுத்தால் திசை மாறிவிடும். ஆனால் புரொப்பெல்லரும் அந்தத் திசைக்கு உரியதாக இருக்கவேண்டும். இதை மறந்து படகைப் பின்னுக்கு ஓடவிட்டவர்களும் உண்டு.

இனி, நான் பார்த்த படகுகளில் பாதிக்கு மேல் பிழை இருந்த இடம். பின்பக்கம் ஷாப்டைத் தாங்குகிற ஸ்ட்ரட்டுக்கும், புரொப்பெல்லரைப் பிடித்திருக்கிற டிரைவ் டொக்குக்கும் இடையில் இடைவெளி வேண்டும். சுமை ஏறும்போது கேபிள் இறுகும், இறுகினால் நீளம் குறையும், புரொப்பெல்லர் முன்னுக்கு இழுபடும். இடைவெளி இல்லாவிட்டால் டொக் ஸ்ட்ரட்டில் போய் அழுத்தும். பிறகு பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுவதுபோல்தான்: மோட்டர் கொதிக்கும், ஸ்பீட் கொன்ரோலர் புகையும். எல்லோரும் பற்றரியைத் திட்டுவார்கள். 2 முதல் 3 மில்லிமீற்றர் விடுங்கள். பார்க்க ஆட்டம்போல் தெரியும், அது ஆட்டம் இல்லை.

கிறீஸ் ஒவ்வொரு முறை ஓடி முடிந்ததும் மாற்றவேண்டும். கேபிளை முழுதாக வெளியே இழுத்து, துடைத்து, தண்ணீருக்கு நிற்கிற மரைன் கிறீஸ் பூசி உள்ளே விடுங்கள். நந்திக்கடலில் ஓட்டினால் அன்று இரவே செய்யுங்கள், உப்பு விடியும்வரை காத்திருக்காது. அந்தக் கிறீஸ்தான் குழாய் வழியாகத் தண்ணீர் ஏறாமலும் தடுக்கிறது. கேபிள் முறிந்து புரொப்பெல்லரோடு கழன்று விழுந்தால் குழாய் திறந்த ஓட்டைதான், ஆகவே உள்ளே மிதவைப் பஞ்சு இல்லாத படகைத் தண்ணீரில் விடவேண்டாம்.

ஒரு விஷயத்தில் நான் கோபப்படுவேன். பெரிலியம் கலந்த செம்புப் புரொப்பெல்லரைக் கொண்டுவந்து என் கிறைண்டரில் ஈரமில்லாமல் தீட்டப் பார்ப்பது. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் மாறாத நோய் வரும். தண்ணீரில் நனைத்து எமரிப் பேப்பரால் தேய்க்கவேண்டும், சேற்றை ஈரத்தோடு துடைத்து எடுக்கவேண்டும்.

தங்கூசி வலை போட்டிருக்கிற பக்கம் படகை விடாதீர்கள். ஒரு முழம் தங்கூசி சுற்றினால் ஷாப்டும் போகும், வலைக்காரரின் வாயும் கேட்கவேண்டும். நடுக்குளத்தில் நின்றுவிட்டால் நீந்திப் போகாதீர்கள். எங்கள் குளங்களில் முதலை இருக்கிறது. மீன்பிடிக்கிற அண்ணைமாரின் தோணிக்காகக் காத்திருங்கள்.

அந்தத் தம்பிக்கு மோட்டரையும் குழாயையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்து, இடைவெளியையும் சரிசெய்து, கேபிளின் நுனியில் புரொப்பெல்லர்த் தண்டையும் நானே பற்றவைத்துக் கொடுத்தேன். போன கிழமை திரும்ப வந்தான். இந்த முறை முறிந்த துண்டை ஷொப்பிங் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். பற்றவைத்த இடத்துக்கு ஒட்டினாற்போல, கத்தியால் வெட்டியதுபோல் நேராக முறிந்திருந்தது. வெள்ளி கலந்த ஈயப்பற்று 221 பாகையிலேயே உருகும். நான் அவசரத்தில் காஸ் விளக்கைக் கேபிளிலேயே பிடித்து, கம்பி நீலம் பாயும்வரை சூடாக்கியிருக்கிறேன். உருக்கின் பதம் அங்கே போய்விட்டது.

"ஆர் பிழை அண்ணை?" என்று கேட்டான்.

புதுக் கேபிளுக்குக் காசு வாங்கவில்லை.