வெள்ளி டாலர் காசில் இருக்கும் குத்துகளைத் தேய்த்துவிடாதீர்கள்

போன ஆடியில் சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா பிஸ்கட் டின்னில் ஏழு பழைய வெள்ளி டாலர் காசுகளைக் கொண்டுவந்தார். அவருடைய தாத்தா பினாங்கில் நகரத்தார் வட்டிக்கடை நடத்திய கிட்டங்கி ஒன்றில் பெட்டியடிப் பையன் என்ற கடைநிலை ஆளாகச் சேர்ந்து, மேலாளுக்கு அடுத்த நிலையான அடுத்தாளாக உயர்ந்தவர். ஏழில் நான்கு கண்ணாடி போல மின்னின. "பள்ளம் பள்ளமா இருக்கு, விலை போகாதுன்னு பட்டறையில சொன்னாங்க. அரம் போட்டுத் தேய்ச்சு பாலிஷ் பண்ணிக் கொடுத்தாங்க" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தேய்க்காமல் விட்ட மூன்றில் அந்தப் பள்ளங்கள் அப்படியே இருந்தன. உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு சீன எழுத்து.

அவை அடிபட்ட காயங்கள் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென் சீனத் துறைமுகங்களில் பெரிய வணிகம் வெளிநாட்டு வெள்ளியில்தான் நடந்தது. முதலில் ஸ்பானிய, மெக்சிக டாலர்கள். அப்புறம் ஆசிய வணிகத்துக்கென்றே அமெரிக்கா 1873 முதல் அடித்த டிரேட் டாலர். பிறகு 1895 முதல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் அடித்த பிரிட்டிஷ் டிரேட் டாலர். காசில் இருக்கும் தலையை மட்டும் நம்பி அங்கே வாங்கிவிடவில்லை. நிறுத்துப் பார்த்தார்கள், தட்டி ஓசை கேட்டார்கள். தேறியதில் கடைக்காரர் தன் குறியைச் சின்ன எஃகு அச்சால் குத்தினார். பார்த்துவிட்டேன், நல்ல வெள்ளி என்று அதற்குப் பொருள். பல கை மாறிய டாலர்களில் சில கிண்ணம் போலக் குழிந்தே போயின.

ஆங்கிலத்தில் இந்தக் குறியைச் 'சாப்' என்பார்கள். இந்தியின் 'சாப்'தான் அது. நம் துணி வணிகத்தின் 'சாப்பா'வும் அதே சொல். வேலையும் நமக்குப் புதிதல்ல. முகலாய ரூபாய்களில் சராபுகள் என்ற காசு மாற்றுபவர்கள் குத்திய குறிகள் நிறையக் கிடைக்கின்றன. சங்கப் புலவர் சிலர் பெயரில் வரும் 'வண்ணக்கன்' என்பதே காசின் தரத்தைச் சோதித்து நோட்டம் பார்ப்பவரைக் குறிக்கும் சொல்தான்.

குறியை ஆராய்வதென்றால் முதல் வேலை வெளிச்சம். அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைக் காசின் பக்கவாட்டில் தாழப் பிடித்துப் படம் எடுங்கள். எந்தக் கோணத்திலும் குத்தியிருப்பார்கள் என்பதால் நான்கு பக்கமும் திருப்பி எடுங்கள். சீனம் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டலாம். ஆனால் ஓர் எழுத்தை மட்டும் வைத்துக் கடையைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் நடக்காது. இதில் அமெரிக்காவில் குத்திய காசுகளை ஆராய்கிறவர்களுக்கு வசதி அதிகம். அங்கே வணிகர்கள் முழுப் பெயரையே குத்தினார்கள். பால்டிமோரில் 'ஹவுக்ஸ் பனசியா' என்ற மருந்துக்குக் காசிலேயே விளம்பரம் அடித்தார்கள். அந்த ஊரின் பழைய வணிக விவரப் புத்தகத்தையும் செய்தித்தாள்களையும் புரட்டினால் ஆளைப் பிடித்துவிடலாம். நமக்குக் கிடைப்பது ஓர் எழுத்து. அதனால்தான் காசு எந்த வீட்டில், யார் வழியாக வந்தது என்ற விவரம் இவ்வளவு முக்கியம். தாத்தாவின் ஊர், கிட்டங்கி, ஆண்டு என்று தெரிந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் காசோடு வையுங்கள்.

'குத்து இருந்தால் அசல்' என்று சந்தையில் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். போலி டிரேட் டாலர்கள் ஏராளமாகச் சுற்றுகின்றன, குத்துகளோடு சேர்த்தே. அமெரிக்க டாலர் 27.2 கிராம் இருக்க வேண்டும். அந்த எடையே 'கிரெய்ன்' என்ற பழைய அளவில் '420 கிரெய்ன்' என்று காசிலேயே போட்டிருக்கும். பிரிட்டிஷ் டாலர் 26.95 கிராம். தேய்மானத்தில் கொஞ்சம் குறையலாம், கிராம் கணக்கில் குறைந்தால் சந்தேகப்படுங்கள். காந்தத்தில் ஒட்டினால் பேச்சே இல்லை. உண்மையான குத்தைச் சுற்றி உலோகம் பிதுங்கி நிற்கும். மறுபக்கம் அதே இடம் லேசாகத் தட்டையாகியிருக்கும். வார்த்த போலியில் குத்தின் விளிம்பு மழுங்கியிருக்கும். இரண்டு காசில் ஒரே குத்து அச்சுப் பிசகாமல் ஒரே இடத்தில் இருந்தால், இரண்டும் ஒரே வார்ப்பிலிருந்து வந்தவை என்றே வைத்துக்கொள்ளுங்கள். காசு கருத்திருக்க, குத்தின் உள்ளே மட்டும் பளிச்சென்று இருந்தால் அது சமீபத்தில் குத்தியது.

விலையையும் சொல்லிவிடுகிறேன். குத்தில்லாத நல்ல காசைவிடக் குத்துள்ளது பெரும்பாலும் குறைவாகத்தான் போகும். 1887இல் அமெரிக்க அரசு டிரேட் டாலர்களைத் திரும்ப வாங்கியபோதே குத்துப்பட்டவற்றைச் சிதைந்தவை என்று ஒதுக்கியது. இன்று நிலைமை வேறு. குறிகளுக்காகவே சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டுப் பெரிய தரச்சான்று நிறுவனங்களும் இவற்றை ஏற்றுத் தரமிடுகின்றன. ஆனால் நூறாண்டு கடந்த காசை நீங்களே வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் தராது. தேய்த்த காசைச் சேகரிப்பவர் தொடமாட்டார், அதற்கு வெள்ளி விலைதான்.

அந்த அம்மாவின் நான்கு பளபளப்புக் காசுகளையும் தராசில் வைத்தேன். ஒவ்வொன்றும் ஒரு கிராமுக்கு மேல் குறைந்திருந்தது. மற்ற மூன்றில் ஒன்று பம்பாயில் அடித்தது. காசில் நிற்கும் பிரிட்டானியா என்ற பெண் உருவத்தின் சூலத்தில் நடுமுனையில் சின்ன 'பி' இருந்தது. அதில் ஒரே குறி இரண்டு இடத்தில் விழுந்திருந்தது. ஒரே கடைக்கு அது இரண்டு தடவை வந்திருக்கலாம் என்றேன். அவர் அதைத் தனியாக ஒரு காகித உறையில் போட்டு, மேலே தாத்தாவின் பெயரை எழுதிக்கொண்டார்.