நாலு பேர் படுக்கலாம் என்று போட்டிருக்கும்

"மொத்தம் பதினொரு பேர் மேடம். சின்னப் பசங்க யாரும் கிடையாது, எல்லாரும் பெரியவங்க. நாலு நாலு பேரா போட்டா மூணு ரூம் போதும்ல?"

அப்பாவின் அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு குடும்பத்தையே சிங்கப்பூரிலிருந்து மூன்று இரவு சொகுசுக் கப்பலில் கூட்டிப் போக ஆசைப்பட்ட ஒரு மகனின் போன் அது. திருச்சியில் டிராவல் ஏஜென்சி நடத்துகிறேன். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து எம்ப்ரஸ் கப்பல் புறப்பட்ட செய்தி வந்த பிறகு கப்பலைப் பற்றி விசாரிப்பவர்கள் கூடிவிட்டார்கள். சிங்கப்பூருக்குத் திருச்சியிலிருந்தே நேர் விமானம் இருப்பதால் எங்கள் பக்கத்து ஆட்கள் அங்கே போய் ஏறுவதைத்தான் விரும்புகிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது எந்த ஊருக்குப் போகும், சைவச் சாப்பாடு கிடைக்குமா என்ற இரண்டும்தான். கேபினைப் பற்றி, அதாவது கப்பலில் தங்கும் அறையைப் பற்றி, யாரும் கேட்பதில்லை. திரும்பி வந்ததும் புலம்புவது கேபினைப் பற்றி மட்டும்தான்.

அந்த மகன் போட்டிருந்த திட்டம் நம் வீட்டுக் கல்யாண மண்டபத் திட்டம். ஆண்கள் ஒரு அறை, பெண்கள் ஒரு அறை, மிச்சப்பட்டவர்கள் மூன்றாவது அறை. மண்டபத்தில் ஜமக்காளத்தை விரித்து எட்டுப் பேர் உருளலாம். கப்பலில் சாதாரண கேபின் என்பது சுமார் 150 முதல் 180 சதுர அடி. அதற்குள்ளேயே கட்டில், அலமாரி, மேசை, குளியலறை எல்லாம் அடக்கம். நாலு பேர் படுக்கலாம் என்று போட்டிருப்பது பொய்யில்லை. கீழே இரண்டு கட்டில். மீதி இரண்டு பேருக்குச் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கும் மேல்படுக்கை, இல்லையென்றால் விரித்துப் படுக்கிற சோஃபா. மேல்படுக்கைக்கு ஏணியில்தான் ஏற வேண்டும். அது இறங்கிய பிறகு கீழே படுத்திருப்பவர் சட்டென்று எழுந்து உட்கார்ந்தால் தலையில் இடிக்கும். அப்பா அம்மாவோடு பத்து வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர் போகும்போது இது சரியான ஏற்பாடு. பிள்ளைகள் மேல்படுக்கைக்கு அடித்துக்கொள்வார்கள். நாலு பெரியவர்களுக்கு இது ஆகாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரே வீட்டுப் பெண்கள் நாலு பேருக்கு நாலு படுக்கை கேபின் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். விலை குறைவு என்று அவர்களுக்குச் சந்தோஷம், புக்கிங் முடிந்தது என்று எனக்குச் சந்தோஷம். அதில் மூத்தவருக்கு முட்டிவலி. மற்றவர்கள் முந்திக்கொண்டார்களா, இவரே விட்டுக்கொடுத்தாரா தெரியாது, அவருக்கு வாய்த்தது மேல்படுக்கை. மூன்று ராத்திரியும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறார். ஒரு வருஷம் கழித்து வேறு வேலையாக ஆபீசுக்கு வந்தவர், பேச்சோடு பேச்சாகச் சிரித்துக்கொண்டே இதைச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புக்கிங் சமயத்தில் அவரிடமும் நான் கேட்டிருந்தேன். "எனக்கு எங்க போட்டாலும் சரிம்மா" என்றுதான் சொன்னார்.

அன்றிலிருந்து அந்த வாக்கியத்தை நான் பதிலாக எடுத்துக்கொள்வதில்லை.

முதலில் காசுக் கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் நாலு பேரை ஒரே அறையில் அடைப்பதற்குக் காரணமே அதுதான். கப்பலில் கட்டணம் ஓர் அறைக்கு இரண்டு பேர் என்ற அடிப்படையில் நிற்கிறது. மூன்றாவது, நாலாவது ஆளுக்குக் கட்டணம் குறையும், சில சமயம் இலவசம் என்றுகூட விளம்பரம் வரும். ஆனால் துறைமுக வரியும் தினசரி டிப்ஸும் தலைக்கு இவ்வளவு என்றுதான் வாங்குவார்கள். அதில் மூன்றாவது ஆளுக்குச் சலுகை எதிர்பார்க்காதீர்கள். கணக்குக்காக ஒரு தொகை வைத்துக்கொள்வோம்: முதல் இரண்டு பேருக்குத் தலைக்கு 30,000 ரூபாய், அடுத்த இரண்டு பேருக்கு 15,000, வரியும் டிப்ஸும் எல்லோருக்கும் 10,000. நாலு பேரும் ஒரே அறை என்றால் 1,30,000. இரண்டு அறை என்றால் 1,60,000. வித்தியாசம் 30,000, தலைக்கு 7,500, ஒரு ராத்திரிக்கு 2,500. விமானம், விசா, பட்டுப்புடவை என்று அவ்வளவு செலவழித்துவிட்டு இந்த 2,500-இல் மிச்சம் பிடிக்க வேண்டுமா என்று கேட்டால் பாதிப் பேர் மனம் மாறிவிடுவார்கள். மீதிப் பேரிடம் நான் பாத்ரூமைப் பற்றிப் பேசுவேன். ஒரு பாத்ரூம், நாலு பெரியவர்கள், எட்டு மணிக்கு டின்னர். எல்லோருக்கும் ஏழரைக்குத்தான் குளிக்கத் தோன்றும்.

புடவை கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இஸ்திரிப் பெட்டியைப் பெரும்பாலான கப்பல்களில் அறைக்குள் விடமாட்டார்கள். சூட்கேஸைச் சோதிக்கும்போதே எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

இன்னொரு விஷயம் ஏஜென்ட்டுகளிலேயே பலர் சொல்வதில்லை. மூன்று, நாலு பேர் அறைகள் காலியாக இருந்தும் சிஸ்டம் புக்கிங் எடுக்காமல் நிற்கும். உயிர்காப்புப் படகுகளில் அந்தப் பகுதிக்கு ஒதுக்கிய இடம் நிரம்பியிருக்கும், அதுதான் காரணம். அறையில் கட்டில் இருப்பது ஒரு கணக்கு, படகில் இடம் இருப்பது வேறொரு கணக்கு. ஆகவே மூன்று பேர் அறை வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

இனி எந்த இடத்தில் அறை என்பது. டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தால் தூக்கிப் போடும், நடுவில் உட்கார்ந்தால் அவ்வளவாகத் தெரியாது. கப்பலும் அப்படித்தான். நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில் ஆட்டம் குறைவு. முன்கோடியில் மேலும் கீழுமாக ஏறி இறங்கும், பின்கோடியில் அதிர்வு தெரியும். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு பக்கம் போகும் மலாக்கா நீரிணை இருபுறமும் நிலம் சூழ்ந்தது, பெரும்பாலும் அமைதியாக இருக்கும். வங்காள விரிகுடாவில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் போகிறவர்கள்தான் இதில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். தலைசுற்றல் உள்ளவருக்கு மேல்தளத்து முன்கோடி பால்கனியைவிட நடுவில் உள்ள ஜன்னலில்லாத அறை நூறு மடங்கு தேவலை.

ஆட்டத்தைவிட அதிகப் புகார் சத்தத்தைப் பற்றித்தான். ஒவ்வொரு கப்பலுக்கும் டெக் பிளான், அதாவது எந்தத் தளத்தில் எது இருக்கிறது என்று காட்டும் வரைபடம், இணையத்தில் கிடைக்கும். உங்கள் அறைக்கு நேர் மேலே என்ன, நேர் கீழே என்ன என்று பாருங்கள். மேலே நீச்சல்குளத் தளம் இருந்தால் விடிவதற்கு முன்பே நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் தலைக்கு மேல் கேட்கும். கீழே தியேட்டரோ டிஸ்கோவோ இருந்தால் நள்ளிரவு வரை தரை அதிரும். முன்கோடியில் கீழே இருந்தால் துறைமுகத்தில் நங்கூரம் இறக்கும்போது வீடு இடிகிறது என்று நினைப்பீர்கள். மேலேயும் கீழேயும் அறைகளே உள்ள தளமாகப் பார்த்து எடுத்தால் பிரச்சினையே இல்லை.

ஜன்னலில்லாத இன்சைடு அறைகளை நம் ஆட்கள் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூன்று இரவுப் பயணத்தில் பெரும்பாலோர் தூங்க மட்டும்தான் அறைக்கு வருவார்கள். ஒரே குறை, விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. விடிந்ததா இல்லையா என்றே தெரியாது. ஒரு பெரியவர் காலை என்று நினைத்துக் குளித்து, விபூதி இட்டுக்கொண்டு காபிக்கு வந்திருக்கிறார், மணி இரண்டே கால். நிறையக் கப்பல்களின் டிவியில் கப்பலின் முன்பக்கக் கேமரா ஓடும் சானல் ஒன்று உண்டு. சத்தத்தைக் குறைத்து அதை ஓட விட்டால் ராத்திரி விளக்குக்கு விளக்கு, விடிந்தால் வெளிச்சம் காட்டும். கூடவே இதையும் பாருங்கள்: பல கப்பல்களில் பாத்ரூம் வாசலில் ஒரு படி உயரத்துக்குத் தடுப்பு இருக்கும். ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்கும் ஆளுக்கு அந்தத் தடுப்புதான் எமன். நடக்கவே சிரமப்படுகிறவர்களுக்குத் தடுப்பில்லாத, அகல வாசல் வைத்த அறைகள் தனியாக உண்டு. எண்ணிக்கை மிகக் குறைவு என்பதால் முதலில் புக் செய்ய வேண்டியதே அவைதான்.

பால்கனி யாருக்கு என்பதில்தான் சண்டை வரும். தம்பிக்குப் பால்கனி, அண்ணனுக்கு இன்சைடு என்றால் அது பத்து வருஷத்துக்குப் பேசப்படும். உடன்பிறந்தவர்களுக்கு ஒரே வகை அறை எடுங்கள், இல்லையென்றால் காரணத்தை முன்னாலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ஒரு பால்கனி எடுத்தால் போதும், எல்லோரும் அங்கே கூடி உட்கார்ந்து பேசலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. சாதாரண பால்கனியில் இரண்டு நாற்காலியும் ஒரு குட்டி மேசையும்தான் இருக்கும். முட்டிவலியால் வெளியே அதிகம் சுற்ற முடியாதவருக்கு அதைக் கொடுங்கள், கடலாவது கண்ணில் படும்.

விலை மலிவு என்று கேரன்டி அறை எடுப்பதும் கூட்டமாகப் போகிறவர்களுக்கு ஒத்துவராது. என்ன வகை என்பது மட்டும்தான் உறுதி, எந்த அறை என்பதைக் கம்பெனி பிறகு முடிவு செய்யும். ஜெண்டிங் ட்ரீம் என்ற கப்பல் 335 மீட்டர் நீளம், ஏறக்குறைய பதினாலு ரயில் பெட்டிகளைக் கோத்த மாதிரி. அப்பா எஸ்-1, அம்மாவின் மாத்திரை டப்பா எஸ்-14 என்று ஆகிவிட்டால் யார் நடப்பது?

அதற்காக ஒட்டி ஒட்டியும் போட வேண்டாம். உள்ளே கதவு வைத்து இணைக்கும் கனெக்டிங் அறைகளைப் பராமரிப்பு தேவைப்படுகிறவருக்கும் அவரைப் பார்த்துக்கொள்பவருக்கும் மட்டும் எடுங்கள். அந்த நடுக்கதவில் இருமல் முதல் புருஷன் பெண்டாட்டி பேச்சு வரை எல்லாம் கசியும். அந்தப் பக்கம் சம்பந்தி வீட்டார் இருந்தால் யோசித்துப் பாருங்கள். ஒரே தளம், இடையில் மூன்று நாலு கதவு தள்ளி என்பதே என் வழக்கம். முதியவர்கள் லிஃப்ட்டுக்குப் பக்கத்தில், ஆனால் அதற்கு எதிரே அல்ல.

தனித்தனி அறை எடுத்தால் புக்கிங்குகளை ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் பாதிக் குடும்பம் ஆறு மணிப் பந்தியில், மீதி எட்டு மணிப் பந்தியில் என்று ஆகிவிடும். பில் எந்த அறைக்கு யார் கார்டில் போகும் என்பதையும் ஏறும்போதே பிரித்துக்கொள்ளுங்கள். மாமாவின் பீர் மருமகன் கார்டில் ஏறிய கதை என்னிடம் ஒன்றுக்கு மேல் இருக்கிறது. கப்பலில் கொடுக்கும் அறைக் கார்டில் அவசரகாலத்தில் அவரவர் வந்து கூட வேண்டிய இடம் குறித்திருக்கும். அறை வேறானால் அந்த இடமும் வேறாக இருக்கலாம். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய பயணிகளில் பலருக்கு அப்படிக் கூடிப் பார்க்கும் பாதுகாப்பு ஒத்திகை நடந்திருக்கவே இல்லை. இப்போது புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடத்த வேண்டும் என்பது விதி. கூட்டத்தைக் காரணம் காட்டி வீட்டுப் பெரியவர்களை அறையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

அந்தப் பதினொரு பேருக்கு வருகிறேன் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). நாலு தம்பதிகளுக்கு நாலு அறை. கல்யாணமாகாத சித்தப்பாவின் குறட்டை ஊரறிந்தது, அவருக்குத் தனி அறை, செலவு அண்ணனுடையது. அத்தையையும், பெங்களூரில் வேலை பார்க்கும் பெரியப்பா மகளையும் ஆறாவது அறையில் சேர்த்தேன். மகன் மூன்றில் தொடங்கி ஆறுக்கு வர இரண்டு நாள் எடுத்துக்கொண்டார்.

பிறகு வழக்கம்போல ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் போனில் பிடித்தேன். வீட்டார் சூழ உட்கார்ந்திருக்கும்போது யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். பிடிக்குமா பிடிக்காதா என்று நான் கேட்பதில்லை. ராத்திரி எத்தனை மணிக்குப் படுப்பீர்கள், எத்தனை தடவை எழுந்திருப்பீர்கள், ஃபேன் வேண்டுமா, தூக்கத்துக்கு மெஷின் ஏதாவது வைத்துக்கொள்கிறீர்களா. பெரியப்பா மகள் ஒரு மணி வரை வெளியே இருப்பேன் என்றாள். அத்தை நாலரைக்கு எழுந்து ஸ்லோகம் சொல்வாராம்.

"எங்க போட்டாலும் சரிம்மா" என்றுதான் அத்தையும் தொடங்கினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "தனி ரூம்னா எவ்வளவு கூட ஆகும்? என் பென்ஷன் காசுலயே கட்டிடறேன். அவங்ககிட்ட நீயே வேற ஏதாவது காரணம் சொல்லிடு. அம்மா வீடு, மாமியார் வீடு, அப்புறம் புள்ள வீடு. தனியா ஒரு ரூம்ல நான் படுத்ததே இல்ல."

தனி ஆளுக்குப் பெரும்பாலும் இரண்டு பேர் கட்டணம். ஆனால் பெரியப்பா மகளை அவள் அப்பா அம்மாவின் அறையில் சோஃபா படுக்கைக்கு மாற்றினால் அவள் மூன்றாவது ஆளாகிவிடுவாள். மேலே சொன்ன அதே கணக்கில், மொத்தத்தில் கூடுவது 15,000. அறை ஆறு ஆறாகவே இருந்தது. ஒரு மணிக்கு மகள் கதவைத் தட்டுவது பெரியப்பாவுக்குப் புதிதில்லை. வீட்டாரிடம் நான் சொன்ன காரணம் ஸ்லோகம்.

பணம் கட்ட அத்தை தானே ஆட்டோ பிடித்து ஆபீசுக்கு வந்தார். டெக் பிளானில் அவர் அறையைக் காட்டினேன்: நடுத் தளம், ஜன்னலில்லாதது, லிஃப்ட்டிலிருந்து நாலாவது கதவு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தச் சின்னக் கட்டத்தை வெகுநேரம் பார்த்தார்.

"உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்குமாம்மா?"

"இருக்கும்மா."