எலெக்ட்ரிக் பைக் வாங்கும் முன் பேட்டரி ஸ்டிக்கரைப் படியுங்கள்

ஈரோட்டில் எலெக்ட்ரிக் வண்டிகளுக்கும் பேட்டரிகளுக்கும் சர்வீஸ் செய்வது என் தொழில். வண்டி வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விகள்தான்: விலை என்ன, ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்? பேட்டரி எத்தனை யூனிட், உள்ளே என்ன செல் இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் பழுதாகி என்னிடம் வரும் வண்டிகளில் மோட்டார் போனது அபூர்வம். வருவதெல்லாம் பேட்டரி, சார்ஜர், ஒயரிங். லித்தியம் வண்டியின் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பேட்டரிக்கே போய்விடுகிறது. அதனால் விலை குறைந்த வண்டியில் எதைக் குறைத்திருக்கிறார்கள் என்று தேடினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

பேட்டரியின் கொள்ளளவைக் கிலோவாட் ஹவர் என்று ஸ்டிக்கரில் போட்டிருப்பார்கள். கரண்ட் பில்லில் வரும் யூனிட்டும் அதுவும் ஒன்றே. ஸ்கூட்டராக இல்லாமல் பைக்காகவே, ஒரு லட்சத்தை ஒட்டிய விலையில் வந்தவற்றில் மூன்றை எடுத்துக்கொள்வோம். 2024 செப்டம்பரில் ரிவோல்ட் ஆர்வி1 வந்தபோது ஆரம்ப விலை 84,990 ரூபாய்; 2.2 யூனிட் பேட்டரி, 100 கிலோமீட்டர் என்றார்கள். அதே ஆண்டு நவம்பரில் வந்த ஓபன் ரோர் ஈசியில் 4.4 யூனிட் மாடலுக்கு 175 கிலோமீட்டர். 2025 பிப்ரவரியில் அறிமுகமான ஓலா ரோட்ஸ்டர் எக்ஸில் 4.5 யூனிட் மாடலுக்கு 252 கிலோமீட்டர். இப்போது கிலோமீட்டரை யூனிட்டால் வகுத்துப் பாருங்கள். முதல் வண்டிக்கு யூனிட்டுக்குச் சுமார் 45, அடுத்ததற்கு 40, மூன்றாவதற்கு 56 வருகிறது. ஏறக்குறைய ஒரே அளவு பேட்டரி உள்ள இரண்டு பைக்குகளுக்கு நடுவே இவ்வளவு இடைவெளி. இவை குறிப்பிட்ட முறையில், குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டிப் பார்த்த கணக்குகள். பின்சீட்டில் ஆள், எதிர்க்காற்று, மேம்பாலம், அறுபது கிலோமீட்டர் வேகம் எல்லாம் சேரும்போது யூனிட்டுக்கு 30 முதல் 35 வரைதான் நான் பார்க்கிறேன். எந்த நிறுவன வண்டியாக இருந்தாலும் முதலில் யூனிட்டை முப்பதால் பெருக்கிக்கொள்ளுங்கள். அந்த எண் உங்கள் ஒருநாள் ஓட்டத்தைவிட ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். மூன்று, நான்கு வருடத்தில் பேட்டரியின் கொள்ளளவு குறையும்; அப்போதும் பாதி வழியில் நிற்காமல் வீடு வந்து சேர வேண்டும்.

அடுத்து, பேட்டரிக்குள் இருக்கும் செல். லித்தியத்தில் நம் ஊர் வண்டிகளில் வருவது முக்கியமாக இரண்டு வகை: என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் சேர்ந்தது), எல்எஃப்பி (இரும்பு பாஸ்பேட் சேர்ந்தது). எல்எஃப்பி எடை கூடியது, இடமும் அதிகம் பிடிக்கும். ஆனால் சூட்டைத் தாங்கும், அதிகத் தடவை சார்ஜ் ஏற்றி இறக்கலாம். மேலே சொன்னவற்றில் ஓபன் பைக்கில் இருப்பது இந்த வகை. சித்திரை வெயிலில் நாள் முழுக்க வெளியே வண்டியை நிறுத்துகிறவர்களுக்கு என் சிபாரிசும் இதுவே. ஒரு விஷயம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். எல்எஃப்பி செல்லின் வோல்டேஜ் கடைசி வரை பெரிதாக இறங்காது என்பதால் மீட்டரில் காட்டும் சதவீதம் சில சமயம் தப்பாகிவிடும். இருபது சதவீதம் காட்டிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று நின்றுவிட்டது என்று வருகிறவர்கள் உண்டு. வாரம் ஒருமுறை நூறு வரை முழுதாக ஏற்றினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

லெட் ஆசிட் பேட்டரியோடு வரும் மலிவு வண்டிகள் தனிக்கதை. நான்கைந்து பேட்டரிகளை வரிசையாக இணைத்திருப்பார்கள். தினமும் ஓட்டினால் ஒன்று, ஒன்றரை வருடத்தில் தூரம் பாதியாகிவிடும். அதன் பிறகு நடப்பதுதான் எனக்குக் கவலை. யாரோ ஒருவரிடம் லித்தியம் செல்களை அடுக்கிய பேட்டரி பேக் ஒன்றைச் செய்து வாங்கி மாட்டிக்கொண்டு, பழைய சார்ஜரையே வைத்துக்கொள்கிறார்கள். 48 வோல்ட் லெட் ஆசிட் சார்ஜர் 58, 59 வோல்ட் வரை ஏற்றும். அதற்குப் பதிலாக மாட்டும், பதின்மூன்று செல் வரிசைகள் கொண்ட என்எம்சி பேக்குக்கு உச்ச வரம்பு 54.6 வோல்ட். அப்படி ஒரு பேக்கைச் சமீபத்தில் திறந்தேன். மேலே சுற்றியிருந்த நீல உறை ஒரு பக்கம் உப்பியிருந்தது. வெட்டியதும் இனிப்பான கெமிக்கல் வாடை வந்தது. காப்புக்கு ஒட்டியிருந்த பேப்பர் ஒரு மூலையில் கருகியிருந்தது. பேட்டரியைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் போர்டிலிருந்து ஒவ்வொரு செல் வரிசைக்கும் போக வேண்டிய மெல்லிய ஒயர்களில் இரண்டு பற்றவைக்கப்படவே இல்லை. அதிகமாக ஏறுகிறது என்று தடுத்து நிறுத்த அந்தப் பேக்கில் எதுவும் இல்லை. அந்த வண்டியைத் தினமும் இரவு ஹாலில் நிறுத்திச் சார்ஜ் போட்டிருக்கிறார்கள்.

2022 மார்ச்சில் வேலூரில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். இரவு சார்ஜ் போட்டிருந்த புது எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் அவருடைய 13 வயது மகளும் இறந்துபோனார்கள். அந்த ஆண்டு நடந்த தொடர் தீ விபத்துகளுக்குப் பிறகுதான் ஏஐஎஸ் 156 என்ற பாதுகாப்பு விதிமுறையைக் கடுமையாக்கினார்கள். ஒரு செல்லில் பற்றுவது மற்ற செல்களுக்குப் பரவுகிறதா என்ற சோதனை உட்பட அதன் இரண்டாம் கட்டம் 2023 மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே செகண்ட் ஹேண்ட் எலெக்ட்ரிக் வண்டி பார்க்கிறவர்கள் ஆர்சியில் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். அந்தத் தேதிக்கு முந்தைய வண்டி என்றால், விலை எவ்வளவு இறங்கினாலும் பேட்டரியைச் சோதிக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

புது வண்டியானாலும் சரி, வாசலை அடைத்து நிறுத்திச் சார்ஜ் போடக் கூடாது. தீ என்று வந்தால் வெளியேற இருக்கும் ஒரே வழி அதுவாக இருக்கலாம். படுக்கையறைப் பக்கமே வேண்டாம். ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடாமல் அரைமணி நேரம் ஆறவிடுங்கள். அப்புறம், ஃபேனுக்கும் டிவிக்கும் உள்ள 5 ஆம்ப் பிளக்கில் மாட்ட வேண்டாம். சார்ஜர் நான்கு, ஐந்து ஆம்பியர் இழுக்கும், அதுவும் மணிக்கணக்கில். பின் லேசாகப் பழுப்பேறியிருந்தால், பிளக்கைத் தொட்டால் சுட்டால், அங்கே கனெக்‌ஷன் லூஸ் என்று அர்த்தம். எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தோடு தனியாக ஒரு பவர் பிளக் போட்டுக்கொள்ளுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

பிள்ளைகளுக்கு என்று வாங்கித் தரும் லைசென்ஸ் தேவையில்லாத வண்டிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி இல்லாமல் எடை 60 கிலோவுக்குள் இருந்தால்தான் பதிவும் லைசென்ஸும் வேண்டாம் என்ற சலுகை. அந்த மாடலுக்குப் புனேயின் ஏஆர்ஏஐ போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையத்தின் சான்று இருக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள். விற்கும் இடத்திலேயே ஒரு ஒயரைக் கழற்றிவிட்டு நாற்பது, நாற்பத்தைந்தில் ஓடும்படி செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நிமிடமே அது பதிவில்லாத, இன்ஷூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம் ஆகிவிடுகிறது. பத்தாம் வகுப்புப் பையன் அதில் போய் யாரையாவது இடித்தால் இழப்பீடு பெற்றோர் தலையில் விழும். இதற்குத் துணைபோகும் கடைக்காரர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

செலவுக் கணக்கும் கொஞ்சம் பார்ப்போம். லிட்டருக்கு ஐம்பது ஓடும் பெட்ரோல் வண்டிக்கு இன்றைய விலையில் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் ஆகிறது. எலெக்ட்ரிக்கில் யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்து, சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் முப்பது பைசாவுக்குள் அடங்கும். தினம் முப்பது கிலோமீட்டர் போகிறவருக்கு வருடத்தில் சுமார் பதினெட்டாயிரம் மிச்சம். காய்கறிக் கடைக்கும் கோயிலுக்கும் போய்வர மட்டும் வண்டி என்றால் மிச்சம் சொற்பம். பேட்டரியோ ஓட்டாவிட்டாலும் வயதாகும். வீட்டு மின் கணக்கையும் பாருங்கள். தினம் ஒன்றரை யூனிட் என்றால் இரண்டு மாதத்துக்குத் தொண்ணூறு யூனிட் கூடும். ஏற்கெனவே 450 யூனிட் ஓடும் வீட்டில் இது 500-ஐத் தாண்ட வைத்துவிடும். தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளின் கட்டணமும் மாறி பில் சட்டென்று எகிறும்.

வாரண்டி அட்டையில் ஆண்டுகளை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். கிலோமீட்டர் வரம்பு எவ்வளவு, கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் பேட்டரி மாற்றித் தருவார்கள், நீண்ட நாள் சார்ஜ் போடாமல் விட்டால் வாரண்டி உண்டா, இந்த மூன்றும் எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். மூன்றாவது பலரைக் கவிழ்க்கிறது. வெளிநாடு போகும்போது வண்டியைக் காலி பேட்டரியோடு நிறுத்திவிட்டுப் போகிறார்கள். திரும்பி வரும்போது செல்கள் மீட்க முடியாத அளவுக்கு இறங்கிவிடுகின்றன. பாதிக்கு மேல் சார்ஜ் வைத்து நிறுத்துங்கள். மாதம் ஒருமுறை வீட்டில் இருப்பவர்கள் பார்த்து ஏற்றட்டும்.

மழை நீரில் ஓட்டுவதற்குப் பயப்பட வேண்டாம், வண்டி மூழ்கினால் பயப்படுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையில் மூழ்கியதுபோல உங்கள் வண்டியும் மூழ்கினால், வெளியே காய்ந்துவிட்டது என்று நம்பிச் சார்ஜ் போடாதீர்கள், ஆன் பண்ணியும் பார்க்காதீர்கள். வீட்டுக்குள் கொண்டுவராமல் திறந்த இடத்தில், மற்ற வண்டிகளிலிருந்து தள்ளி நிறுத்திவிட்டு சர்வீஸ் சென்டருக்கும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் தகவல் சொல்லுங்கள். பேட்டரியைத் திறந்து பார்த்தவர் சரி என்று சொல்லும் வரை சார்ஜரை எடுக்க வேண்டாம்.