குட்டி வண்டியும் காற்றுச் சுவரும்

பயிற்சித் திடலில் தரையோடு தரையாக நீளமாக ஒரு பலகை கிடக்கும். அதன் மேல் மோட்டார் சைக்கிளை ஏற்றி, கால் ஊன்றாமல், சக்கரம் நழுவாமல், மெதுவாக மறுமுனைக்குப் போக வேண்டும். சிங்கப்பூரில் 2பி உரிமம் எடுத்த யாரிடமும் இந்தப் பலகையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், முகம் மாறும். முதல் நாள் நான்கு முறை கீழே இறங்கினேன். ஐந்தாவது முறை ஆக்சிலேட்டரை முறுக்கி ஒரே ஓட்டமாகக் கடந்துவிட்டுப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன். பயிற்றுநர் ஜொகூர்க்காரர், வயதானவர். "வேகமா போறதுக்கு நான் எதுக்குத் தம்பி? மெதுவா போய்க் காட்டுங்க" என்றார்.

இங்கே 18 வயதானவர் முதலில் எடுக்கக்கூடியது 2பி. 200 சிசி வரைதான் ஓட்டலாம். ஓராண்டு கழித்து 2ஏ, அதில் 400 வரை. அதற்கும் ஓராண்டு கழித்துத்தான் பெரிய வண்டிகளுக்கான 2ஆம் வகுப்பு. வண்டி வாங்குவோர் ஏலத்தில் எடுக்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழ் மட்டும் இந்தப் படிக்கட்டைப் பார்ப்பதில்லை. மோட்டார் சைக்கிள்களுக்கான 'டி' பிரிவில் 125 சிசிக்கும் 1000 சிசிக்கும் ஒரே ஏலம், ஒரே விலை. 2022இல் அது பத்தாயிரம் சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டியபோது வண்டியைவிடக் காகிதம் விலை அதிகம் என்ற நிலை வந்தது. அவ்வளவு கொடுத்தும் ஏன் குட்டி வண்டி என்று என் மைத்துனர் கேட்டார். பதிலை நான் அந்தப் பலகையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது.

ஓடும் வண்டி ஏன் விழாமல் நிற்கிறது? சுழலும் சக்கரம் பம்பரம் போல நிமிர்த்திப் பிடிக்கிறது என்று பள்ளியில் சொல்லியிருப்பார்கள். அது முழு உண்மையல்ல. 2011இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வில், அந்தப் பம்பர விளைவை அறவே நீக்கிய ஒரு சோதனை மிதிவண்டியும் தானாக நிமிர்ந்து ஓடியது. அடிப்படை விஷயம் எளிது: வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் முன்சக்கரமும் இடப்பக்கம் திரும்பிச் சக்கரங்களை எடைக்குக் கீழே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். உள்ளங்கையில் துடைப்பத்தை நிறுத்தும்போது, அது சாயும் பக்கமே கையை நகர்த்துகிறோமே, அதே வித்தைதான்.

சக்கரங்கள் எவ்வளவு விறுவிறுப்பாகப் பக்கவாட்டில் நகரும் என்பது வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் பாதியானால், அதே அளவு நிமிர்த்துவதற்கு ஹேண்டில்பாரை ஏறக்குறைய நான்கு மடங்கு திருப்ப வேண்டும். சாலையில் திருப்பலாம். பலகையில் இடம் ஏது? அதனால்தான் வேகமாகக் கடப்பது சுலபம், மெதுவாகக் கடப்பது வித்தை.

ஒரு தவறான நம்பிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குட்டி வண்டி தாழ்வாக இருப்பதால் சமநிலை சுலபம் என்பார்கள். உண்மையில் உயரமான துடைப்பம்தான் மெதுவாகச் சாயும், குட்டைப் பென்சில் பட்டென்று விழும். குட்டி வண்டியின் நன்மை வேறு இடத்தில் இருக்கிறது. சாய்ந்த பிறகு ஒரு கால் ஊன்றினால் 120 கிலோவைத் தாங்கிவிடலாம். 210 கிலோ வண்டி ஓரளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் காலை எடுத்துக்கொண்டு விலகுவதுதான் புத்திசாலித்தனம்.

சரி, மெதுவாக எப்படிப் போவது? பொதுவான 125 சிசி வண்டியில் முதல் கியரில் எஞ்சின் ஏறக்குறைய 28 சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஒரு சுற்று. எஞ்சின் சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 1500 சுற்று. கணக்குப் போட்டால் மணிக்குச் சுமார் 6 கிலோமீட்டர், ஒருவர் வேகமாக நடக்கும் வேகம். அதற்குக் கீழே எஞ்சினால் நேரடியாக இறங்க முடியாது. ஒற்றை சிலிண்டர் நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும், 1500 சுற்றில் விநாடிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று உதை. சுற்று குறைந்தால் உதைகளுக்கு இடையே இடைவெளி கூடி வண்டி தடதடவென்று குலுங்கி அணைந்துவிடும்.

இங்கேதான் 'ஆஃப் கிளட்ச்', அதாவது அரைக் கிளட்ச், வருகிறது. கிளட்சுக்குள் உராய்வுத் தட்டுகளும் எஃகுத் தட்டுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டு எண்ணெயில் ஊறியிருக்கும். இடது கை நெம்புகோலை முழுக்க விட்டால் ஸ்பிரிங்குகள் தட்டுகளை இறுக்கி எஞ்சினையும் சக்கரத்தையும் ஒன்றாக்கிவிடும். பாதியில் பிடித்தால் தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். எஞ்சின் தன்பாட்டுக்கு 2000 சுற்றில் நிம்மதியாக ஓட, சக்கரத்துக்குக் கொஞ்சம் விசை மட்டும் போகும். வழுக்கலில் பிறக்கும் வெப்பத்தை எண்ணெய் வாங்கிக்கொள்ளும். பின் பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே ஓட்டினால் சங்கிலி தொய்யாமல் இழுவையில் இருக்கும், உதைகள் நேராக முதுகுக்கு வராது. இடது கை, வலது கால், வலது கை மூன்றும் ஒரே நேரத்தில் பேசிக்கொள்ளப் பழகும்வரை பலகை விடாது.

மலேசியாவிலிருந்து தினமும் பாலம் தாண்டி வரும் 'கப்சாய்' என்ற குட்டி மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் இடது கை கிளட்சே கிடையாது. ஹோண்டா 1958இல் கொண்டுவந்த சூப்பர் கப் வண்டியிலிருந்து வந்த பரம்பரை அது. எஞ்சின் சுற்றும் வேகத்தை வைத்துத் தானாகப் பிடித்துத் தானாக விடும் கிளட்ச். 2017க்குள் அந்த ஒரு குடும்பத்திலேயே பத்துக் கோடி வண்டிகள் செய்துவிட்டார்கள். ஓட்டச் சுகமானது, ஆனால் இடது கைக்குப் பாடமில்லை.

அடுத்து, மன்னிக்கும் குணம். 125இன் முறுக்குவிசை சுமார் 10 நியூட்டன் மீட்டர். முதல் கியரில் பெருக்கி, ஆளும் வண்டியுமாக 190 கிலோ என்று வைத்தால், ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகினாலும் முடுக்கம் புவியீர்ப்பில் பாதியை எட்டாது. முன்சக்கரம் தரையை விட்டு எழ ஏறக்குறைய முழுப் புவியீர்ப்பு அளவு முடுக்கம் வேண்டும். எவ்வளவு பதறிப்போய் மணிக்கட்டை முறுக்கினாலும் குட்டி வண்டி அந்தக் கோட்டைத் தொடாது. 600 சிசி பந்தய ரக வண்டியில் அதே கணக்குப் போட்டால் முதல் கியரிலேயே கோடு தாண்டிவிடும். பயத்தில் பிடியை இறுக்கும்போது மணிக்கட்டு தன்னையறியாமல் இன்னும் திருகும், அதனால் வேகம் கூடும், அதனால் பயம் கூடும். இந்தச் சுழலுக்குள் புதியவர் விழாமல் காப்பது குட்டி எஞ்சினின் வறுமைதான்.

இனி அந்த வறுமை உறுத்தும் இடத்துக்கு வருவோம். சாலையில் பைக் முக்கியமாக இரண்டு எதிரிகளோடு மல்லுக்கட்டுகிறது: சக்கர உராய்வும் காற்றும். உராய்வு சாது, வேகத்துக்கு ஏற்ப மெல்லத்தான் சக்தி கேட்கும். காற்று அப்படியில்லை. எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடியாக ஏறும், அதை வெல்லத் தேவையான சக்தி மும்மடியாக ஏறும். வேகம் இரட்டித்தால் காற்று மட்டும் எட்டு மடங்கு சக்தி கேட்கும்.

நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் ஓர் ஆளுக்கு நான் போட்ட தோராயக் கணக்கு இது. மணிக்கு 50 கிலோமீட்டரில் உராய்வும் காற்றும் சேர்ந்து 1.4 கிலோவாட். 80இல் 4.6. 90இல் 6.4. 100இல் 8.5. ஒரு 125இன் எஞ்சின் 8 கிலோவாட் தருகிறது என்றால், சங்கிலியும் கியரும் தின்றது போகச் சக்கரத்துக்கு 7தான் வரும். ஆக, அடுக்குமாடி புளோக்குகளுக்கு நடுவே 50இல் போகும்போது தேவையைப் போல ஐந்து மடங்கு சக்தி இருக்கிறது, வண்டி துள்ளுகிறது. தீவு விரைவுச்சாலையில் 90ஐத் தொடும்போது கையிருப்பு ஏறக்குறைய காலி. வண்டி அதற்குமேல் போகாதது எஞ்சினின் குறைபாடு என்று நினைப்போம். எதிரே சுவர் போல நிற்பது காற்று. தேக்கா சந்தைக்குப் போய்வர இதைவிட நல்ல வண்டி இல்லை என்பவரும், விரைவுச்சாலைக்கு இது ஆகாது என்பவரும் ஒரே வரைபடத்தின் இரு முனைகளில் நின்று பேசுகிறார்கள்.

இதை நான் உடம்பால் உணர்ந்த இடம் எம்சிஇ என்ற மரீனா கடலோர விரைவுச்சாலையின் சுரங்கப்பாதை. மரீனா பக்கம் கடலுக்கடியில் இறங்கி மறுபடி மேலேறும் சாலை. சரிவில் ஏறும்போது மூன்றாவது எதிரியாகப் புவியீர்ப்பும் சேர்ந்துகொள்ளும். நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஏறும் ஒரு சாலையை வைத்துக்கொண்டால், 80இல் எனக்கு இன்னொரு 2.1 கிலோவாட் வேண்டும். 4.6உடன் கூட்டினால் 6.7 வரும். இருப்பதோ 7. தனியாளாக இருந்தால் மூச்சிரைத்துச் சமாளிக்கலாம். பின்னால் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் தேவை எட்டை நெருங்கும், வேகம் தானாக இறங்கும். என் மனைவி பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு மாலையில் ஐந்தாவது கியரில் முழு முறுக்கில் 80, 74, 70 என்று முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே போனேன். "ஏங்க மெதுவாகுது?" என்றாள். சரிவு தொடங்கும் முன்பே நான்காவது கியருக்கு இறங்கியிருக்க வேண்டும். சக்தி என்பது முறுக்குவிசையையும் சுற்று வேகத்தையும் பெருக்கி வருவது. சுற்று விழுந்த பிறகு கியர் மாற்றுவது, பசியில் மயங்கிய பிறகு அரிசி களைவது மாதிரி.

பெஞ்சமின் ஷியர்ஸ் பாலத்தில் வேறு பிரச்சினை. கடல் காற்று எதிரே மணிக்கு 15 கிலோமீட்டரில் வீசினால், முள் 80 காட்டினாலும் காற்றுக்கு நீங்கள் 95இல் போகிறீர்கள். பக்கத்திலிருந்து வீசினால் கனமில்லாத வண்டி ஓர் அடி நகர்ந்துதான் நேராகும். லாரியின் மறைவிலிருந்து வெளிவரும் அந்த ஒரு விநாடி இதைவிட மோசம். பிடியை இறுக்காமல், வண்டியை அதன் போக்கில் லேசாகச் சாய விட்டால் தானே சரிசெய்துகொள்ளும் என்பது நான் தாமதமாகக் கற்றது.

கையிருப்புச் சக்தி இல்லாததன் உண்மையான விலை, நெருக்கடியில் முன்னேறி விலகும் வழி இல்லை என்பது. பெரிய வண்டிக்காரருக்கு முறுக்கு, பிரேக் என இரண்டு கதவுகள். விரைவுச்சாலையில் குட்டி வண்டிக்கு ஒன்றுதான்.

அந்த ஒன்றைப் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு: "லேசான வண்டி, உடனே நின்றுவிடும்." நிற்காது. எடை கூடினால் தடுக்க வேண்டிய உந்தமும் கூடும், டயருக்கும் சாலைக்கும் இடையிலான பிடியும் அதே விகிதத்தில் கூடும். கணக்கில் எடை அடிபட்டுப் போகும். மிஞ்சுவது பிடியும் வேகமும் மட்டும். நல்ல காய்ந்த சாலையில், யோசிக்க ஒரு விநாடி சேர்த்து, 50இல் சுமார் 28 மீட்டர் தேவை, 90இல் 70. மழை பெய்து வெள்ளைக் கோடுகளும் சாக்கடை மூடிகளும் பளபளக்கும்போது இன்னும் நீளும். குட்டி வண்டிகளின் மெல்லிய டயரும் பின்சக்கர டிரம் பிரேக்கும் இதில் பெரிய உதவி செய்வதில்லை. குட்டி வண்டி பாதுகாப்பாகத் தோன்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் அதை 50இல் ஓட்டுகிறோம் என்பதே.

அது கற்றுக்கொடுக்கும் ஒரு கெட்ட பழக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். எப்போதும் முழு முறுக்கு. ஒரு வருஷம் தினமும் அப்படி ஓட்டினால், ஆக்சிலேட்டர் என்பது விளக்குச் சுவிட்சு மாதிரி 'இருக்கிறது', 'இல்லை' என்ற இரண்டு நிலை மட்டும் உள்ள பொருளாகக் கைக்குப் பதிந்துவிடும்.

2ஏ பயிற்சிக்குப் போன முதல் நாள், 400 சிசி வண்டியைப் பலகைக்கு முன்னால் நிறுத்தினேன். அதே அகலம், அதே வெயில். பெரியவர் குடையின் கீழ் உட்கார்ந்திருந்தார். இடது கை தானாக ஆஃப் கிளட்சுக்குப் போனது, பாதம் பின் பிரேக்கில் லேசாக ஊன்றியது. வலது மணிக்கட்டு மட்டும் பழைய வண்டியின் ஞாபகத்தில் ஒரு விரற்கடை அதிகம் திருகியது. பாதிப் பலகையில் இறங்கினேன்.

"மெதுவா, தம்பி" என்றார், தலையைக்கூடத் திருப்பாமல்.