கடை திறந்தாச்சு, மருத்துவ கஞ்சாக் கடிதம் இனி எதற்கு?

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இப்போது பிளாசாவுக்குப் பிளாசா கஞ்சாக் கடை. நரம்பு வலிக்கும், கீமோவுக்குப் பிறகு வரும் குமட்டலுக்கும் வைத்தியர் எழுதிக்கொடுத்து மருத்துவ கஞ்சா எடுக்கிறவர்களுக்கு எல்லோரும் ஒரே புத்திமதிதான் சொல்கிறார்கள்: "அதுதான் கடையில கிடைக்குதே, பேப்பருக்கு ஏன் அலையிறீங்கள்?" சில கிளினிக்குகளின் வரவேற்பு மேசையிலேயே இதைச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். அதைக் கேட்டுக் கடிதத்தைக் காலாவதியாக விட்டவர்கள், வரிக் கணக்கிலோ வேலையிடத்திலோ மாட்டிக்கொண்ட பிறகு கோப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். அந்த நேரத்தில் செய்யக்கூடியது குறைவு. அதனால்தான் இதை முன்கூட்டியே எழுதுகிறேன்.

பின்னணி சுருக்கமாக: கனடாவில் 2001 முதல் மருத்துவ கஞ்சாவுக்குத் தனி விதிகள் உண்டு. 2018 ஒக்டோபர் 17 அன்று கஞ்சாச் சட்டம் நடைமுறைக்கு வந்து, வளர்ந்தவர்கள் யாரும் கடையில் வாங்கலாம் என்றானது. மருத்துவ வழி ரத்தாகவில்லை, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. வைத்தியர் அல்லது நேர்ஸ் பிராக்டிஷனர் (மருந்து எழுதும் தகுதியுள்ள தாதி) ஒரு மருத்துவ ஆவணம் தருவார். கடிதம் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். அதை வைத்து, மத்திய சுகாதாரத் துறையான ஹெல்த் கனடாவின் மருத்துவ விற்பனை அனுமதி பெற்ற நிறுவனம் ஒன்றில் நீங்கள் பதிவுசெய்ய வேண்டும். சரக்கு தபாலிலோ கூரியரிலோ வீட்டுக்கு வரும். மருந்தகத்தில் கிடைக்காது. தெருவோரக் கடையில் கடிதத்தைக் காட்டினாலும் அது சாதாரண சில்லறை விற்பனைதான்.

அந்தக் கடைசி வரியில்தான் பாதிப்பேர் வழுக்கி விழுகிறார்கள். கடையில் வாங்கிய ரசீதுகளைச் சேர்த்து வைத்து, வரி நேரத்தில் மருத்துவச் செலவாகப் போட்டால் வருமான வரித்துறை ஏற்காது. வைத்தியர் கடிதம் கையில் இருந்தாலும் ஏற்காது. அனுமதி பெற்ற மருத்துவ விற்பனையாளரிடம், பதிவுசெய்த வாடிக்கையாளராக வாங்கியது மட்டுமே கணக்கில் வரும். உங்களுக்கும் துணைவருக்கும் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் என்றால் வரிப் படிவத்தில் 33099 என்ற இலக்கம் உள்ள இடம். நீங்கள் பராமரிக்கும் அம்மா அப்பாவுக்கு என்றால் 33199. இதிலும் ஒரு வெட்டு இருக்கிறது. நிகர வருமானத்தில் 3 சதவீதம் அல்லது அரசு வைத்திருக்கும் நிலையான தொகை, எது குறைவோ, அதற்கு மேற்பட்ட செலவுக்குத்தான் சலுகை. 30,000 டொலர் வருமானம் உள்ளவருக்கு முதல் 900 டொலருக்கு ஒன்றும் கிடைக்காது. வரியே கட்டாதவருக்குச் சலுகையால் பயனும் இல்லை. துணைவரின் கணக்கில் போட முடியுமா என்று பாருங்கள்.

இனி கடிதம் எடுக்கும் பாடு. பல குடும்ப வைத்தியர்கள் இதில் கையெழுத்துப் போட விரும்புவதில்லை. மறுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு, அதில் சண்டை போட்டுப் பலனில்லை. வேறு கிளினிக்குக்குப் பரிந்துரைக் கடிதமாவது தாருங்கள் என்று கேளுங்கள். அந்தக் கிளினிக்கில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது காசு. ஒன்ராறியோ மாகாணத்தில் வைத்தியர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு, இந்த ஆவணம் மருந்துச் சீட்டுக்குச் சமம், இதை நிரப்பிக் கொடுக்க நோயாளியிடமோ உற்பத்தியாளரிடமோ பணம் வாங்கக் கூடாது என்று 2015லேயே கொள்கை வெளியிட்டது. "நிர்வாகக் கட்டணம்" என்று ஏதாவது கேட்டால், எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டாவது, சில கிளினிக்குகளுக்கும் உற்பத்தி நிறுவனங்களுக்கும் வியாபாரத் தொடர்பு உண்டு. உங்களைக் கேட்காமலே ஒரு நிறுவனத்துக்குக் கடிதத்தை அனுப்பிவிடுவார்கள். எங்கே பதிவுசெய்வது என்பது உங்கள் தெரிவு. விலையைப் பார்க்காமல் தலையாட்டாதீர்கள்.

ஒரு கடிதத்தை ஒரு விற்பனையாளரிடம்தான் கொடுக்கலாம். மூலப் பிரதியை நீங்கள் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் கிளினிக் நேரடியாக அனுப்ப வேண்டும். நீங்கள் கைத்தொலைபேசியில் எடுத்த படம் செல்லாது. உங்களுக்கு எண்ணெய் ஓரிடத்திலும் வில்லை இன்னோரிடத்திலும்தான் கிடைக்கிறதென்றால், நாளாந்த அளவைப் பிரித்து இரண்டு கடிதமாக எழுதித்தரச் சொல்லலாம். கேட்காவிட்டால் யாரும் இதைச் சொல்வதில்லை.

எங்கள் தமிழ் ஆட்களை அதிகம் இழுத்தடிப்பது பெயர். பதிவு விண்ணப்பத்தில் உள்ள முதற்பெயர், குடும்பப் பெயர், பிறந்த திகதி மூன்றும் வைத்தியரின் ஆவணத்தோடு ஒத்துப்போகாவிட்டால் விற்பனையாளர் பதிவுசெய்யக் கூடாது, விதியே அப்படி. எங்களுக்கோ சுகாதார அட்டையில் அப்பாவின் பெயர் பின்னால், கடவுச்சீட்டில் முன்னால். கிளினிக் கணினியில் கல்யாணத்துக்கு முந்தைய பெயர். பிறந்த திகதியும் ஊரில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது கொடுத்தது ஒன்று, அட்டையில் உள்ளது இன்னொன்று. ஆங்கில எழுத்தில் ஒரு எச் கூடிக் குறைந்ததற்காகக்கூட விண்ணப்பம் திரும்பி வரும். திரும்பி வந்தால் விற்பனையாளர் கிளினிக்கைக் கேள் என்பார், கிளினிக் விற்பனையாளரைக் கேள் என்னும். கடிதம் கையெழுத்தாகும் நேரத்தில், அந்த அறையை விட்டு எழும்ப முன்னர், சுகாதார அட்டையைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

கடிதத்தின் ஆயுள் அதிகபட்சம் ஒரு வருடம். வைத்தியர் மூன்று மாதம் என்று எழுதினால் மூன்று மாதம்தான். முடிந்த மறுநாள் ஒரு போத்தல்கூட அனுப்ப மாட்டார்கள். நிறுவனம் நினைவூட்டும் என்று நம்பி இருக்காதீர்கள். புதுப்பிக்க முடிவுத் திகதிக்கு இரண்டு மாதம் முன்பே வைத்தியரிடம் நேரம் எடுத்துவிடுங்கள்.

வயதான அம்மாவுக்கு இணையமும் ஆங்கிலமும் சிரமம் என்றால், பொறுப்பான வளர்ந்த ஒருவரின் பெயரைப் பதிவில் சேர்க்கலாம். அப்புறம் மகளே தொலைபேசியில் பேசி ஓடர் போடலாம். பெயர் சேர்க்காமல் அம்மாவாக நடித்துப் பேசிப் பிடிபட்டால் கணக்கை முடக்கிவிடுவார்கள். ஒன்ராறியோவில் 19 வயது நிரம்பாத பிள்ளைக்கு, வலிப்பு நோயே இருந்தாலும், சட்டபூர்வமாகக் கஞ்சா வாங்கும் வழி இந்த மருத்துவப் பதிவுதான். கடைப்பக்கம் போகவே முடியாது.

கையில் வைத்திருக்கும் அளவிலும் கடிதம் உதவும். கடிதம் இல்லாதவர் பொது இடத்தில் 30 கிராம் உலர்ந்த கஞ்சாவோ அதற்கு ஈடானதோ வைத்திருக்கலாம். பதிவுசெய்த நோயாளி அதற்கு மேலாக, நாளாந்த அளவின் 30 மடங்கு அல்லது 150 கிராம், எது குறைவோ, வைத்திருக்கலாம். நாளுக்கு 2 கிராம் என்றால் 60, கூட அந்த 30. பொலிஸ் கேட்டால் காட்ட அத்தாட்சி வேண்டும். நிறுவனம் உங்கள் பெயர் அச்சிட்டு ஒட்டி அனுப்பும் லேபிள் அப்படி ஒரு அத்தாட்சி. எண்ணெயை வசதிக்காக வேறு குப்பியில் ஊற்றிவிட்டு, லேபிள் ஒட்டிய போத்தலை வீசுகிறவர்கள் ஒரு அத்தாட்சியையும் சேர்த்து வீசுகிறார்கள்.

விலை பற்றிக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். மருந்துச் சீட்டு மருந்துக்கு விற்பனை வரி இல்லை. வைத்தியர் எழுதித்தந்த கஞ்சாவுக்கு ஒன்ராறியோவில் 13 சதவீதம் உண்டு. அதற்கு மேல், பொழுதுபோக்குக்கு வாங்குகிறவர் சுமக்கும் அதே கலால் வரியை நோயாளியும் சுமக்கிறார். உலர்ந்த பூவுக்குக் கிராமுக்கு 1 டொலர் அல்லது உற்பத்தியாளர் விலையில் 10 சதவீதம், எது கூடவோ அது. மயக்கம் தரும் கூறான டி.எச்.சி. 0.3 சதவீதத்தைத் தாண்டாத, மயக்கம் தராத சி.பி.டி. வகைகளுக்குக் கலால் வரி இல்லை. உங்கள் நோய்க்கு அது போதுமா என்று வைத்தியரைக் கேளுங்கள். பல நிறுவனங்களில் குறைந்த வருமானக்காரர்களுக்குக் கழிவு விலை இருக்கிறது. கண்ணில் படாவிட்டால் தொலைபேசியில் வாய்விட்டுக் கேட்க வேண்டும். வருமான அத்தாட்சியைத் தயாராக வைத்திருங்கள். ஒன்ராறியோவின் பொதுச் சுகாதாரக் காப்புறுதியான ஓஹிப் இதற்குப் பணம் தராது. வேலையில் காயப்பட்டு வந்த நரம்பு வலி போன்ற சிலவற்றுக்கு வேலையிடக் காப்புறுதிச் சபை தரும், ஆனால் முன்கூட்டியே அவர்கள் ஒப்புதல் வேண்டும். வாங்கிவிட்டு ரசீதை நீட்டினால் கதை முடிந்தது.

வியாபாரப் பக்கம் கொஞ்சம். கடைகள் திறந்த காலத்தில் பதிவுபெற்ற நோயாளிகள் 3 லட்சத்துக்கு மேல் இருந்தார்கள். பிறகு தொகை இறங்கியது. தபால் வழி மருத்துவ விற்பனையில் பெயர்பெற்ற ஷாப்பர்ஸ் டிரக் மார்ட்டே 2023இல் அந்தத் தொழிலை விட்டது. மருந்தகங்களில் விற்பதைப் பரிசீலிக்கச் சொல்லி நிபுணர் குழு 2024 மார்ச்சில் அரசுக்கு அறிக்கை கொடுத்தது. அறிக்கை இருக்கிறது, மருந்தகத்தில் சரக்கு இல்லை. உங்கள் நிறுவனம் மூடப்போகிறது என்று மின்னஞ்சல் வந்தால், கடிதத்தை இன்ன நிறுவனத்துக்கு மாற்று என்று உடனே எழுத்தில் கேளுங்கள். மாற்றக் கேட்பது உங்கள் உரிமை. கடை நடத்துகிறவர்களுக்கும் ஒன்று: "வலிக்கு நல்லது" என்று வாடிக்கையாளரிடம் சொல்வதும் பலகையில் போடுவதும் சட்டப்படி தடை. மூட்டு வலிக்கு எது எடுக்கலாம் என்று கடைப் பொடியனிடம் கேட்காதீர்கள். அவனுக்குத் தெரிந்தாலும் சொல்லக் கூடாது.

வேலையிடத்தில் கடிதம் பாதிக் கவசம்தான். இயலாமைக்கு ஏற்ற வசதி செய்துதரும் கடமை முதலாளிக்கு உண்டு, ஆனால் மயக்கத்தோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட யாருக்கும் உரிமை இல்லை. எடுப்பதை முன்பே எழுத்தில் தெரிவித்தவருக்கும், விபத்துக்குப் பிறகு சொல்பவருக்கும் கிடைக்கும் மரியாதை வேறு வேறு.

வாகனம் ஓட்டுவதில் இன்னும் கவனம். முழு அனுமதிப்பத்திரம் கிடைக்க முந்தைய படியான ஜி2வில் உள்ள சாரதிகள், 21 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள், டிரக் ஓட்டுகிறவர்கள் ஆகியோருக்கு ஒன்ராறியோ வைத்திருக்கும், உடம்பில் கஞ்சா கொஞ்சமும் இருக்கக் கூடாது என்ற பூச்சிய விதியிலிருந்து மருத்துவ நோயாளிக்கு விலக்கு உண்டு. அதை வைத்துக் குற்றவியல் சட்டத்திலும் விலக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே கடிதம் செல்லாது. ஒரு மில்லிலீட்டர் இரத்தத்தில் 2 நானோகிராம் டி.எச்.சி. இருந்தாலே குற்றம், 5ஐத் தொட்டால் பெரிய குற்றம். நிரந்தர வதிவாளர்கள் இதை இரண்டு தரம் வாசியுங்கள்: 2018 டிசம்பர் 18 முதல் அந்தப் பெரிய குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை 10 வருடம் ஆனதால், குடிவரவுச் சட்டத்தில் அது "பாரதூரமான குற்றம்" என்ற வகைக்குள் வருகிறது. தண்டனை வெறும் அபராதமாக முடிந்தாலும் வதிவுரிமை ஆட்டம் காணும். அப்படி வழக்கு வந்தால், குற்றத்தை ஒப்புக்கொண்டு சீக்கிரம் முடித்துவிடலாம் என்று யார் சொன்னாலும், குடிவரவு தெரிந்த வழக்கறிஞரிடம் பேசாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஊருக்குப் போகும்போது எண்ணெய்ப் போத்தலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். கனடா எல்லையைத் தாண்டிக் கஞ்சா கொண்டுபோவதும் கொண்டுவருவதும் குற்றம்; சி.பி.டி.யும் அதில் அடக்கம், வைத்தியர் கடிதம் இருந்தாலும் அப்படித்தான். கட்டுநாயக்காவிலோ சென்னையிலோ ஹெல்த் கனடா பதிவை யாரும் மதிக்க மாட்டார்கள். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே, அங்கே சட்டப்படி எடுக்கக்கூடிய மாற்று மருந்து எது என்று வைத்தியரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.