பாத்ரூமுக்குக் கண்ணாடிக் கதவு போடப்போகிறீர்களா?

போன வருஷம் ஒரு ராத்திரி, இரண்டு மணி இருக்கும், போன் அடித்தது. கோவை வடவள்ளியில் நான் ஷவர் கதவு போட்டுக் கொடுத்த வீடு. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், எப்போதும் நிதானமாகப் பேசுகிறவர். அன்று குரல் நடுங்கியது. "தம்பி, பாத்ரூம்ல பட்டாசு வெடிச்ச மாதிரி சத்தமுங்க. எந்திரிச்சுப் போய்ப் பாத்தா நீங்க போட்ட கதவையே காணோம்."

அப்போதே வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். தரை முழுக்கக் கற்கண்டைக் கொட்டியது போலக் கண்ணாடித் துணுக்குகள். அதில் ஒன்றிரண்டு இன்னும் சட், சட் என்று தெறித்துக்கொண்டிருந்தன. சுவரில் கீல் இரண்டும் அப்படியே நின்றன. அவை கவ்வியிருந்த இடத்தில் மட்டும் உள்ளங்கை அளவு கண்ணாடி மிச்சம். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. வீட்டு அம்மா மட்டும், "கீசர்ல சூடு அதிகமா வெச்சுட்டேனுங்களோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நான் போட்டது டஃபன்ட் கண்ணாடி, அதாவது காய்ச்சிக் குளிரவைத்துப் பலப்படுத்திய கண்ணாடி. அது சுமார் 200 டிகிரி வெப்ப வித்தியாசத்தைத் தாங்கும். கீசர் தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. பிறகு ஏன் ராத்திரி இரண்டு மணிக்கு, ஆள் யாரும் தொடாமல் வெடித்தது?

டஃபன்ட் கண்ணாடி எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்தால் இது புரியும். சாதாரணக் கண்ணாடியை 620 டிகிரிக்கு மேல் உலையில் காய்ச்சி, வெளியே வந்ததும் இரண்டு பக்கமும் காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று குளிர வைப்பார்கள். மேல்பரப்பு முதலில் இறுகிவிடும். உள்ளே இருப்பது மெதுவாகச் சுருங்கி மேல்பரப்பை உள்ளுக்கு இழுத்துப் பிடிக்கும். இந்த இழுபறிதான் அதன் பலம். சாதாரணக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு அடி தாங்கும். ஆனால் இழுபறி எங்காவது ஓர் இடத்தில் அவிழ்ந்தால் மொத்தக் கண்ணாடியும் ஒரே நொடியில் பொடியாகிவிடும். கத்தி போல நீளத் துண்டாக விழுந்து கழுத்தை அறுக்காமல், சின்னச் சின்னக் கட்டிகளாக உதிர்வதுதான் அதன் பாதுகாப்பு. "டஃபன்ட் போட்டா உடையாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உடையும், உடையும்போது உயிருக்கு ஆபத்தில்லாமல் உடையும். அவ்வளவுதான்.

அந்தக் கட்டு அவிழ இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கண்ணாடி உருக்கும்போதே உள்ளே சிக்கிக்கொள்ளும் நிக்கல் சல்ஃபைடு துகள். கண்ணுக்கே தெரியாத அளவு. பல மாதம், சில சமயம் பல வருஷம் கழித்து மெல்லப் பெருத்து உள்ளேயிருந்து உடைக்கும். அப்படி உடைந்தால், உடைப்பு தொடங்கிய இடத்தில் பட்டாம்பூச்சி இறக்கை போல இரண்டு துண்டுகள் ஒட்டினாற்போல் கிடக்கும். இதைக் குறைக்க, கண்ணாடியைச் சுமார் 290 டிகிரியில் வைத்துச் சோதிக்கும் ஹீட் சோக் முறை இருக்கிறது. பலவீனமானது ஆலையிலேயே உடைந்துவிடும். எல்லா ஆலையிலும் இந்த வசதி கிடையாது. கூடுதல் செலவு, வீட்டு வேலைக்கு யாரும் கேட்பதும் இல்லை.

அன்றைக்கு நான் தேடியது அந்தப் பட்டாம்பூச்சியைத்தான். கிடைத்திருந்தால் பழியைக் கண்ணாடி மேல் போட்டிருப்பேன். கிடைக்கவில்லை. கீழ்க்கீலைக் கழற்றிப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் நடுவில் இருக்கவேண்டிய கேஸ்கெட் (ரப்பர் போன்ற மெத்தைத் துண்டு) ஒரு பக்கம் நழுவி, ஸ்க்ரூ நேராகக் கண்ணாடித் துளையின் ஓரத்தில் உரசிக்கொண்டிருந்தது. கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு துளி உரசல். எட்டு மாதம். மாட்டியது என்னிடம் வேலை பார்க்கும் பையன்கள், சரிபார்க்காமல் கையெழுத்து வாங்கியது நான்.

அதற்குப் பிறகு கதவு கேட்டு வருகிறவர்களிடம் நான் பேசும் பேச்சே மாறிவிட்டது. அவர்கள் கேட்பது கிளியரா, பனி பூத்தது போன்ற ஃப்ராஸ்டடா, கோடு போட்ட ஃப்ளூட்டடா, கைப்பிடி கறுப்பா தங்க நிறமா என்பது. அது உங்கள் இஷ்டம், எதைப் போட்டாலும் தவறில்லை. கதவு கெட்டுப்போவது எல்லாம் ஓரத்திலும் கீலிலும் சுவரிலும்தான்.

கண்ணாடியில் பார்க்கவேண்டியது கொஞ்சம்தான். மூலையில் தயாரிப்பாளர் பெயரோடு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 2553 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள். நகத்தால் சுரண்டினால் வரக்கூடாது. சந்தேகமா? போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு பகல் வெளிச்சத்தில் சாய்வாகப் பாருங்கள். டஃபன்ட் கண்ணாடியில் மங்கலான புள்ளிகளோ பட்டைகளோ வரிசையாகத் தெரியும். காற்று பீய்ச்சிய தடம் அது. சாதாரணக் கண்ணாடியில் அப்படித் தெரியாது. பிறகு விரலை ஓரத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நாலு ஓரமும் பாலிஷ் செய்திருக்கவேண்டும். அரிசி அளவு பிசிறு தட்டினாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள். கண்ணாடியின் நடுவில் கையால் குத்தினால் தாங்கும். ஓரத்தில் ஒரு கல் பட்டால் போதும். அதனால்தான் கண்ணாடியை டைல்ஸ் தரையில் நேராக நிறுத்தி வைக்கிற வேலைக்காரரைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். கீழே இரண்டு மரக்கட்டை வைக்க எவ்வளவு நேரமாகும்?

கனத்தைப் பொறுத்தவரை, ஒரு சதுர மீட்டர் கண்ணாடி ஒரு மி.மீ. தடிமனுக்கு இரண்டரைக் கிலோ. இரண்டரை அடிக்கு ஆறரை அடிக் கதவு என்றால் ஒன்றரைச் சதுர மீட்டர். 8 மி.மீ. போட்டால் 30 கிலோ, 10 மி.மீ. என்றால் 37 கிலோவைத் தாண்டும். இந்தக் கனம் முழுக்க இரண்டு கீலில் தொங்கப்போகிறது. "தடிமனா போடுங்க, ஸ்ட்ராங்கா இருக்கும்" என்று சொல்வதற்கு முன் கீல் பெட்டியில் எத்தனை கிலோ தாங்கும் என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். கதவுக்கு 8, நிலையாக நிற்கும் பலகைக்கு 10 என்பது நான் பெரும்பாலும் போடுவது.

இன்னொன்று. டஃபன் செய்தபிறகு கண்ணாடியை அறுக்கவோ துளைக்கவோ முடியாது. ட்ரில் வைத்தால் கையிலேயே பொடியாகும். எனவே டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகுதான் அளவு. பிளானைப் பார்த்து அளவெடுத்து, "சரியா வந்துரும்" என்று ஆர்டர் போடுகிறவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அகலம் எடுக்கவேண்டும். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் நம் ஊர்ச் சுவர்களில் இரண்டு மூன்று நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) சாய்வு இல்லாத சுவர் அபூர்வம்.

கீலுக்கு வருவோம். கடையில் எல்லாமே பளபளக்கும், எல்லாவற்றையும் 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், அதாவது எஸ்எஸ்ஸில், நல்ல ரகம்) என்றுதான் சொல்வார்கள். காந்தம் ஒட்டவில்லை, அதனால் நல்ல எஸ்எஸ் என்பது நம்பிக்கைதான், சோதனை இல்லை. விலை குறைந்த 202-லும் காந்தம் ஒட்டாது. 304-ஐயும் 202-ஐயும் பிரிக்க ஒரு சொட்டு மருந்து விற்கிறார்கள், பேட்டரி வைத்துத் தொட்டால் 202-இல் சிவப்பாக மாறும். நல்ல ஹார்டுவேர் கடையில் கேட்டால் செய்து காட்டுவார்கள். கனமான பித்தளையில் குரோம் பூசிய கீலும் நன்றாக உழைக்கும். கையில் எடுத்தால் லேசாக இருக்கும் துத்தநாகக் கலவைக் கீலைத் தொடவேண்டாம், மேல்பூச்சு உரிந்ததும் கதை முடிந்தது. கொட்டேஷனில் கண்ணாடிக்குச் சதுர அடி ரேட்டைக் குறைத்துக் காட்டி, "ஹார்டுவேர் எக்ஸ்ட்ரா" என்று ஒரு வரி இருக்கும். மட்டக்கீல் நுழைவது அந்த வரி வழியாகத்தான். என்ன உலோகம், என்ன பிராண்டு என்று எழுதி வாங்குங்கள்.

ஆனால் நல்ல 304-ஐயே துருப்பிடிக்க வைக்கும் ஒன்று நம் வீடுகளில் இருக்கிறது: ஆசிட். பாத்ரூம் கழுவ வாரம் ஒருமுறை ஊற்றுகிறோமே, அந்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட். கீலில் நேராகப் படவேண்டும் என்றுகூட இல்லை, அதன் புகையே போதும், புள்ளி புள்ளியாக அரித்துவிடும். ப்ளீச்சிங் பவுடரும் அப்படித்தான். "ஒரு வருஷத்துல துரு ஏறிருச்சு, டூப்ளிகேட் போட்டுட்டீங்க" என்று சண்டைக்கு வந்த ஒரு வீட்டில், கதவுக்குப் பின்னால் ஆசிட் பாட்டில் மூடி இல்லாமல் நின்றது.

சுவர். செங்கல் சுவர் என்றால் கவலையில்லை. இப்போது அபார்ட்மென்ட்களில் ஏஏசி பிளாக் (காற்றுக்குமிழ் நிறைந்த லேசான சிமென்ட் கல்), ஹாலோ பிளாக் (உள்ளே பொள்ளலான கல்). அதில் சாதாரண பிளாஸ்டிக் பிளக் அடித்து 30 கிலோ கதவைத் தொங்கவிட்டால், ஆறு மாதத்தில் கதவு தொங்கி, அடி ஓரம் கிரானைட்டில் இடிக்கும். அந்தச் சுவர்களில் கெமிக்கல் ஆங்கர், அதாவது துளையில் பசை நிரப்பிப் பிடிக்க வைக்கும் போல்ட், வேண்டும். அல்லது கீலைச் சுவரில் போடாமல் நிலைப்பலகைக் கண்ணாடியில் போடலாம். டைல்ஸைத் தட்டிப் பார்த்துப் பொள்ளென்று சத்தம் வந்தால் அந்த இடத்தில் துளைக்கவேண்டாம். பைப் லைன் எங்கே ஓடுகிறது என்று பூச்சுக்கு முன்னால் எடுத்த போட்டோ இருந்தால் கதவு போடுகிறவரிடம் காட்டுங்கள். வெந்நீர் பைப்பைத் துளைத்துவிட்டு மூன்று டைல்ஸ் உடைத்த அனுபவம் எனக்கு உண்டு.

கதவு வெளிப்பக்கம் திறக்கவேண்டும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துவிடும். வெளியே திறக்க இடம் இருக்கிறதா என்பதற்கு, தரையில் சாக்பீஸால் கதவின் அகலத்துக்குக் கால் வட்டம் போட்டுப் பாருங்கள். கம்மோடு அந்தக் கோட்டுக்குள் வந்தால் ஸ்விங் கதவு சரிப்படாது. ஸ்லைடிங் போடலாம், ஆனால் அதன் கீழ் ட்ராக்கில் சேரும் முடியும் சோப்பும் யார் எடுப்பது என்று முதலிலேயே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்து தண்ணீர். சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் நான் அஞ்சு வருஷத்துக்கு முன் போட்ட கண்ணாடி இன்றும் புதுசு போல இருக்கிறது. அதே கண்ணாடி, போர் தண்ணீர் வீட்டில் நாலே மாதத்தில் பனி படர்ந்தது போல ஆகிவிட்டது. துளி காய்ந்ததும் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் அங்கேயே தங்கிவிடுகின்றன. நாள்பட விட்டால் கண்ணாடியையே பிடித்துக்கொள்ளும், பிறகு எதனாலும் போகாது. வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து பஞ்சுத் துணியால் துடைத்தால் ஆரம்பக் கறை போகும் (படி மார்பிளாக இருந்தால் அதில் படாமல்). ஸ்டீல் நார் கூடவே கூடாது. நானோ கோட்டிங் என்று ஒன்றைச் சேர்த்து விற்பார்கள். கொஞ்ச காலம் உதவும், தேய்ந்துவிடும், ஆயுசுக்கும் வராது. குளித்து முடித்ததும் ரப்பர் வைப்பரால் மேலிருந்து கீழாக நாலு இழுப்பு, அதுதான் வேலை செய்கிறது. இதைச் செய்ய வீட்டில் ஆள் இல்லை, தண்ணீரும் உப்பு என்றால், நான் ஃப்ராஸ்டடு போடச் சொல்வேன். கறை அதிலும் படியும், கண்ணுக்குத் தெரியாது.

சரி, உங்கள் வீட்டுக்குக் கதவுதான் வேண்டுமா? என் வியாபாரத்துக்கு நானே குழி தோண்டுகிறேன் என்று வீட்டுக்காரி திட்டுவாள். ஆனாலும் சொல்லவேண்டும். வாளியில் தண்ணீர் பிடித்து, பலகை போட்டு உட்கார்ந்து குளிக்கும் பழக்கம் உள்ள வீட்டில், மூன்றுக்கு மூன்று அடிக்குள் அடைத்தால் முழங்கை இடிக்கும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போடுகிறவர்கள் வீட்டில் கண்ணாடி என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வயதானவர்கள் இருந்தால் கீழே இரண்டு அங்குலப் படியே ஆபத்து. வழுக்கும்போது அவர்கள் கை முதலில் போவது கதவில் மாட்டிய டவல் கம்பிக்குத்தான், அது ஆளைத் தாங்கச் செய்தது இல்லை. பிடிமானக் கம்பி சுவரில் இருக்கவேண்டும். பெரும்பாலான வீட்டுக்கு, ஷவர் பக்கம் மூன்றடி அகலத்தில் ஒரே ஒரு நிலைப்பலகை போதும். கீல் இல்லை, தொங்கல் இல்லை, சாரல் முக்கால்வாசி நின்றுவிடும்.

கேஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். அது எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரலாம். வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. காற்றோட்டம் இல்லாத பாத்ரூமில் குளிக்கப் போனவர்கள் மூச்சடங்கிக் கிடந்த செய்திகள் நாம் படித்ததுதான். கீசரைப் பாத்ரூமுக்கு வெளியே மாற்றாமல் கண்ணாடித் தடுப்புப் போடவே வேண்டாம். எந்தத் தடுப்பானாலும் மேலே கூரை வரை அடைக்காமல் இடைவெளி விடுங்கள்.

கதவு போட்டு முடித்த வீடுகளுக்கு இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை பையனை அனுப்புகிறேன். கீல் ஸ்க்ரூ, கேஸ்கெட், அடி ரப்பர் மூன்றையும் பார்த்துவிட்டு வருவான். உங்கள் ஆள் வரமாட்டார் என்றால் நீங்களே கதவைப் பாதி திறந்து லேசாக மேலே தூக்கிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தாலோ, உலோகம் உரசும் சத்தம் கேட்டாலோ, அன்றைக்கே கூப்பிடுங்கள்.

ஆசிரியர் வீட்டில் என் செலவில் மாற்றிக் கொடுக்கப் போனபோது அவர் கதவு வேண்டாம் என்றுவிட்டார். 10 மி.மீ. நிலைப்பலகை ஒன்று போட்டேன். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். காபி கொடுத்தார்கள். கண்ணாடி நன்றாக இருக்கிறது. அம்மா மட்டும் கீசரை இன்னும் ஐம்பதுக்கு மேல் வைப்பதில்லையாம்.