உப்புத்தாளைக் கீழே வையுங்கள்

போன வாரம், கிதார் பழுதுபார்க்கும் என்னிடம் ஒருவர் தன் கிதாரைப் பெட்ஷீட்டில் சுற்றி எடுத்து வந்தார். கூடவே ஒரு பிளாஸ்டிக் டப்பா. ஸ்க்ரூ, ஸ்பிரிங், குமிழ், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் எல்லாம் அதற்குள் ஒன்றாகக் குலுங்கின. பெட்ஷீட்டைப் பிரித்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை. 1960-களில் ஃபெண்டர் கம்பெனி செய்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிதார், வெறும் மரமாக, பொட்டுப் பெயின்ட் இல்லாமல். பெரியப்பா வாசித்ததாம், வருடக்கணக்கில் பரணில் கிடந்ததாம். இவர் உப்புத்தாள் மாட்டித் தேய்க்கும் சானிடர் மெஷின் ஒன்றை வாங்கி இரண்டே நாளில் சுரண்டி முடித்திருக்கிறார்.

"எதுக்கு தம்பி பெயின்டை எடுத்தீங்க?"

"வால்யூம் திருப்பினா கரகரன்னு சத்தம் வந்துச்சு அண்ணா. சரி, அதோட முழுசா புதுசாக்கிடலாம்னு..."

கரகர சத்தம் வருவது குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் சேர்ந்த தூசியால். கான்டாக்ட் கிளீனரை ஒரு முறை பீய்ச்சி, குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இருபது முப்பது தடவை திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பல்வலிக்காகத் தலையை மொட்டை அடித்த கதைதான் இது. இந்த வருடம் இப்படி என் மேஜைக்கு வந்த நான்காவது கிதார், அதனால் எழுத்தில் கொஞ்சம் கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"வெள்ளைன்னு சொன்னாங்க, ஆனா அழுக்கு மஞ்சளா இருந்துச்சு அண்ணா" என்றார். அது அழுக்கு இல்லை. அந்தக் காலத்தில் வெள்ளைக்கு மேல் பூசிய நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் வயதாக ஆக மஞ்சளாகும், வெண்ணெய் நிறத்துக்கு வந்துவிடும். முன்பக்கம் மூடியிருக்கும் பிளாஸ்டிக் தகடான பிக்கார்டைக் கழற்றினால் அடியில் வெளிச்சம் படாத இடம் வெள்ளையாகவே இருக்கும், அந்த எல்லைக்கோடே கிதாரின் வயதுக்கு ஒரு சாட்சி. மேலே சிலந்தி வலை மாதிரி ஓடும் மெல்லிய விரிசல்களும் அப்படித்தான். இந்தச் சாட்சிகளைப் பார்த்துத்தான் சேகரிப்பவர்கள் விலை பேசுகிறார்கள். மறுபெயின்ட் அடித்த பழைய கிதாருக்கு, வேலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், பொதுவாகப் பாதி விலைதான். புதுசாக்கினால் மதிப்பு கூடும் என்று நினைப்பவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

சரி, எந்த வருடத்துக் கிதார் என்றாவது பார்ப்போமே என்று டப்பாவிலிருந்து ஒரு பொட்டென்ஷியோமீட்டரை எடுத்துத் திருப்பினேன். முதுகில் 1376620 என்று அச்சு. 137 என்றால் சி.டி.எஸ். கம்பெனி செய்தது, 66 என்றால் 1966, கடைசி 20 அந்த வருடத்தின் இருபதாவது வாரம். ஆனால் இதை வைத்து மட்டும் 1966 என்று அடித்துச் சொல்ல முடியாது. ஃபெண்டர் அந்த வருடம் இவற்றை ஏராளமாக வாங்கி வைத்து, 1969 வரைக்கும் கிதார்களில் போட்டுத் தீர்த்தது. நெக்கை, அதாவது கிதாரின் நீளக் கழுத்தை, பாடியோடு பிணைக்கும் நெக் பிளேட்டில் உள்ள எண்ணும் தோராயம்தான், அந்தத் தகடுகள் வரிசை பார்த்து மாட்டியவை அல்ல. சந்தேகத்தைத் தீர்ப்பது நெக்கின் அடிக்கட்டையில், பாடிக்குள் மறைந்திருக்கும் பக்கத்தில் குத்திய தேதி முத்திரை. நெக்கைத் திருப்பினேன். வழவழவென்று இருந்தது.

"அங்கயும் ஏதோ மை ஒட்டியிருந்துச்சு, அதையும் சுத்தம் பண்ணிட்டேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் டீ போட்டேன்.

டீ குடிக்கும்போதுதான் அடுத்தது வந்தது. பெயின்டை எடுத்தால் மரம் மூச்சு விடும், டோன் திறந்துகொள்ளும் என்று யாரோ சொன்னார்களாம். இந்த ஒரு வசனத்தை நான் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை, அதனால் இதை மட்டும் நீட்டி முழக்கிச் சொல்லிவிடுகிறேன். வெட்டி, உலர்த்தி, அறுத்து, இழைத்த மரம் மூச்சு விடாது. அது செய்வதெல்லாம் காற்றிலிருக்கும் ஈரத்தை வாங்கி உப்புவதும், விட்டுச் சுருங்குவதும்தான், அதை மட்டுப்படுத்தத்தான் மேலே பூச்சே பூசுகிறார்கள். இன்னொன்று, பிக்கப் காற்றில் வரும் சத்தத்தைக் கேட்பதில்லை. காந்தத்துக்கு மேலே இரும்புக் கம்பி அதிரும்போது சுருளில் பிறக்கும் மின்சாரம்தான் ஆம்ப்ளிஃபையருக்குப் போகிறது. பாடிக்குப் பங்கே இல்லை என்று நான் வாதாடவில்லை. ஆனால் பிக்கப்பின் உயரத்தை ஸ்க்ரூவில் இரண்டு திருகு மாற்றிப் பாருங்கள், ஒரு பூச்சை முழுசாகச் சுரண்டினாலும் கேட்காத வித்தியாசம் கேட்கும். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு வேடிக்கை இருக்கிறது. எல்லோரும் ஏங்குகிற அந்த 60-களின் கிதார்களில், நிறம் அடிப்பதற்கு முன்பே மரத்தின் துளைகளை ஒரு கெட்டியான சீலரால் அடைத்துவிட்டுத்தான் மேலே லாக்கர் அடித்தார்கள். நீங்கள் காதலிக்கும் அந்தச் சத்தமே மூச்சு அடைத்த மரத்திலிருந்து வந்ததுதான்!

"அப்போ பெயின்டே வேணாம் அண்ணா, லின்சீட் ஆயில் மட்டும் தேய்ச்சு விட்டுடவா?" என்றார். தேய்க்கலாம், தப்பில்லை. தேய்த்த துணியை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கசக்கிக் குப்பைக்கூடையில் போடுவாராம். ஆளிவிதையிலிருந்து எடுக்கும் அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும். கசங்கிய துணிக்குள் சூடு வெளியேற வழி இல்லாமல் ஏறிக்கொண்டே போய், யாரும் தீ வைக்காமலே பற்றிக்கொள்ளும். வீட்டையே எரித்த துணிகள் உண்டு. மடிக்காமல் விரித்து வெளியே காயப் போடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் நிறைந்த தகர டப்பாவில் அமுக்கி மூடி வையுங்கள்.

உடம்பு விஷயத்துக்கு வருகிறேன். பழைய பெயின்டின் வெள்ளை, மஞ்சள், சிவப்பு நிறமிகளில் ஈயம் இருக்கலாம், பார்த்தாலும் தெரியாது, முகர்ந்தாலும் தெரியாது. இவர் சானிடர் ஓட்டியது படுக்கையறையில். முகத்தில் துணி மாஸ்க். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. இதைக் கேட்டபோதுதான் என் கோபம் பயமாக மாறியது. தரையை ஈரத்துணியால் துடையுங்கள், விளக்குமாறு வேண்டாம், குழந்தைக்கு ஒரு ரத்தப் பரிசோதனை பார்த்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

மாஸ்க்கில் ஒரு குழப்பம் எல்லோருக்கும் இருக்கிறது. என்95 தூசிக்கு. லாக்கர், தின்னர் ஆவிக்கு அது காகிதத் துண்டு மாதிரிதான், அதற்கு கரி அடைத்த கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். பெயின்ட் ரிமூவரில் மெத்திலீன் குளோரைடு என்று போட்டிருந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். உடம்புக்குள் போனால் அது கார்பன் மோனாக்சைடாக மாறும். மூடிய குளியலறையில் அதை வைத்து வேலை செய்தவர்கள் அங்கேயே செத்திருக்கிறார்கள், அமெரிக்காவில் 2019-ல் பொதுமக்களுக்கு அதை விற்பதையே நிறுத்தினார்கள். ஹீட் கன் வைத்துப் பெயின்டை உரிக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு நைட்ரோ பூச்சின் மேல் காட்டாதீர்கள், நைட்ரோசெல்லுலோஸ் வெடிமருந்தான வெடிப்பஞ்சுக்கு நெருங்கிய உறவு. பூச்சை இறுக்கும் ஹார்டனர் கலந்த, டூ-கே என்று சொல்லும் ஸ்பிரேயில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, ஒரு தடவை நுரையீரலுக்கு ஒவ்வாமை பிடித்தால் ஆயுசுக்கும் ஆஸ்துமா. வீட்டில் அதைத் திறக்கவே வேண்டாம்.

இவ்வளவு சொன்ன பிறகும் கை பரபரக்கிறது என்றால், தயவுசெய்து விலை குறைந்த ஒரு பாடியில் முதலில் பழகுங்கள். ஏற்கெனவே யாரோ மறுபெயின்ட் அடித்துக் கெடுத்தது கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் நீங்கள் கெடுக்க ஒன்றும் மிச்சமில்லை. ஒவ்வொரு ஸ்க்ரூவைக் கழற்றும் முன்பும் போட்டோ, ஒவ்வொரு வயருக்கும் போட்டோ. கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயரைத் திரும்ப மாட்டாமல் விட்டுவிட்டு, கிதார் இரைகிறது என்று என்னிடம் வருபவர்கள் அதிகம். நெக் உட்காரும் குழியில் உப்புத்தாளே படக்கூடாது, கொஞ்சம் தேய்ந்தாலும் நெக் ஆடும், கோணம் மாறும். ஈரம் தொட்டுத் தேய்க்கும்போது ஸ்க்ரூ துளைகளை முதலில் மெழுகால் அடையுங்கள், தண்ணீர் உள்ளே இறங்கினால் மரம் உப்பிப் பூச்சைத் தூக்கிவிடும். நைட்ரோ அடித்தால் மூன்று நாலு வாரம் காயவிட்டுத்தான் பாலிஷ். மூக்கை வைத்து முகர்ந்தால் இன்னும் தின்னர் வாசம் வருகிறதா? அப்போது இன்னும் காயவில்லை.

அப்புறம் பிக்கப். டப்பாவிலிருந்த மூன்றில் நடு பிக்கப்பை மீட்டரில் வைத்தேன், மின்தடை சுமார் 6 கிலோ ஓம் காட்ட வேண்டியது ஒன்றுமே காட்டவில்லை. ஏற்ற இறக்கமாக நின்ற காந்தக் குச்சிகளை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர அழுத்தினாராம். பழைய ஃபெண்டர் பிக்கப்பில் அந்தக் குச்சிகளின் மேலேயே நேராகக் கம்பி சுற்றியிருப்பார்கள், தலைமுடியைவிட மெல்லிய கம்பி, ஏழாயிரம் எட்டாயிரம் சுற்று. குச்சி ஒரு மயிரிழை நகர்ந்தாலும் உள்சுற்று அறுந்துவிடும்.

இப்போது அந்தப் பிக்கப்பைத் திரும்பச் சுற்றக் கொடுத்திருக்கிறேன். கரகர சத்தத்தைச் சரிசெய்ய எனக்குப் பத்து நிமிடம் ஆனது, அதற்குக் காசு வாங்கவில்லை. நிறம் என்ன செய்வது என்று இருவரும் பாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்பக்க ஸ்பிரிங் குழியின் ஒரு மூலையில், சானிடர் எட்டாத இடத்தில், நகம் அளவுக்குப் பழைய பெயின்ட் ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளை கலக்கும்போது அதைப் பார்த்துத்தான் கலக்கப்போகிறேன். அதுவரை குழியின் வாயில் டேப் ஒட்டி, மேலே பேனாவால் பெரிதாக "தொடாதே" என்று எழுதி வைத்திருக்கிறேன்.